வீடு புகுந்த ஆமை



"ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது" என்பது நம் நாட்டில் வழங்கும் பழமொழி. ஜப்தி செய்ய வரும் நீதிமன்ற ஊழியருடன், எவருக்கும் தீங்கு நினையாத ஒரு வாயில்லா உயிரைச் சேர்த்து வைத்துவிட்டனர். பொறாமை, கல்லாமை, இயலாமை ஆகியவையே அப்பழமொழி கூறும் ஆமைகள் என்று பொருள் சொல்வாரும் உளர். நாம் அப்பழமொழியைத் திருப்பி ஒரு வினாவாகக் கேட்க விரும்புகிறோம். ஆமை புகுந்த வீடு உருப்படுமா என்பது இருக்கட்டும். வீடு புகுந்த ஆமை உருப்படுமா?

இருபதாம் தீர்த்தங்கரராகிய முனிசுவிரத பகவானின் இலாஞ்சனை ஆமை. ஐம்பொறிகளை அடக்கும் ஆற்றலுக்குத் திருக்குறளின் அடக்கமுடைமை அதிகாரம் ஆமையையே உவமை காட்டுகிறது. பீடத்தில் ஆமையைக் கண்டு கை குவிக்கும் நாம், கூடத்தில் உள்ள ஆமையை எவ்வாறு நடத்துகிறோம் என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இவ்வினாவை எழுப்பும் தகுதி நமக்கு எளிதில் வந்துவிடவில்லை. நம் இல்லத்தில் நிகழ்ந்த ஒரு தவறே இதனை எழுதத் தூண்டியது. 2022ஆம் ஆண்டு பெயரனின் பிறந்தநாளுக்கு உறவினர் ஒருவர், கண்ணாடிக் குடுவையில் ஆமைக்குஞ்சு ஒன்றைப் பரிசாகக் கொண்டுவந்தார். உள்ளங்கைக்குள் அடங்கும் பச்சை நிற உடல். கண்ணுக்குப் பின்னால் இருபுறமும் சிவப்புக் கோடு. கடைகளில் மிகுதியாக விற்கப்படும் சிவப்புச் செவி ஆமை அது. அதன் பூர்வீகம் அமெரிக்க நாட்டின் மிசிசிப்பி ஆற்றுப் பகுதி. கொணர்ந்தவர் மனம் நோகலாகாது என்று வாங்கி வைத்துக்கொண்டோம். பிள்ளையும் மகிழ்ந்தான். அன்று எவரும் வேறொன்றும் எண்ணவில்லை.

இல்லறத்தார்க்குரிய ஐந்து அணுவிரதங்களுள் முதலாவது கொல்லாமை. உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில், அவ்விரதத்திற்கு மாசு சேர்க்கும் அதிசாரங்கள் ஐந்தினைத் தொகுத்துக் கூறியுள்ளார். கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல் என்பன அவை. எருதும் குதிரையும் வைத்திருந்த காலத்தில் அவற்றை மனத்துட்கொண்டு சொல்லப்பட்டவை என்று நாம் பலகாலம் எண்ணியிருந்தோம். அவ்வைந்தும் ஒரு சிற்றாமையின்பால் நிகழக்கூடும் என்பதைப் பின்னரே கண்டோம்.

முதலாவது, கட்டுதல். கயிறு கொண்டு பிணித்தல் மட்டுமே கட்டு அன்று. குடுவையில் இடுவதும் கட்டேயாகும். இவ்வாமை குடுவையளவிலேயே நின்றுவிடும் என்று சிலர் நம்புகின்றனர், அது பிழை. நன்கு வளர்ந்தால் அதன் ஓடு 20 முதல் 25 சென்டிமீட்டர் வரை நீளும். பெண் ஆமை அதனினும் பெரிதாகும். நீந்துவதற்கு ஆழமான நீரும், ஏறி உடலை உலர்த்திக் குளிர்காய மேடான கல்லும் அதற்கு வேண்டும். ஆமை தன் உடலில் வெப்பத்தை ஆக்கிக்கொள்ள இயலாத உயிர். வெயிலைத் தேடியும் நிழலைத் தேடியுமே அதனைச் சீர் செய்துகொள்ளும். ஆதலின் வெயிலும் நிழலும் ஒருங்கே உள்ள இடமே தக்கது. சிறு தொட்டியை நண்பகல் வெயிலில் வைத்து மறந்துவிட்டால் நீர் கொதிப்பேறி அது மாண்டுபோகும்.

இரண்டாவது, அடித்தல். ஆமையை யார் அடிக்கிறார்கள் என்று கேட்கலாம். மல்லாக்கப் புரட்டிப் போட்டு அது தவிப்பதைக் கண்டு சிரித்தலும், ஓட்டின்மேல் தட்டித் தலையை உள்ளிழுக்கச் செய்து வேடிக்கை பார்த்தலும் அடித்தலின் வகைகளே. குழந்தைகள் அறியாமையால் செய்வர். தடுப்பது பெரியோர் கடமை.

மூன்றாவது, உறுப்பறுத்தல். ஆமையின் ஓடு மேலே அணிந்த சட்டை போன்றதன்று. முதுகெலும்பும் விலா எலும்புகளும் ஒன்றாகிப் பரந்த எலும்பே அது, தொட்டால் உணரும். அதன் ஓரத்தில் துளையிட்டுச் சங்கிலி கோத்தலும், அழகுக்காகச் சாயம் பூசுதலும் உயிருள்ள உறுப்பின்மேல் செய்யும் கொடுமையாகும்.

நான்காவதைச் சற்றே நிறுத்தி, ஐந்தாவதைச் சொல்கிறோம். நாம் இடறி விழுந்த இடம் அதுவே.

குடும்பத்தில் எவரும் ஊன் உண்ணாதவர். கடையில் விற்கும் ஆமைத் தீனியில் மீன் தூள் கலந்திருக்கும் என்று அறிந்ததும் அதனை வாசலோடு திருப்பி அனுப்பினோம். முட்டைக்கோசும் வெந்த சோறும் இட்டோம். "நம் வீட்டு ஆமையும் சைவம்" என்று வருவோரிடம் பெருமையும் பேசினோம். ஆறு திங்கள் சென்றன. ஒருநாள் பெயரன் அதனை எடுத்துக் காட்டி, "பாட்டி, ஓடு மெத்தென்று இருக்கிறது" என்றான். விரலால் தொட்டுப் பார்த்தோம். எலும்பு அமுங்கிற்று.

கால்நடை மருத்துவர் கடிந்துரைக்கவில்லை. காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துரைத்தார். உணவில் சுண்ணாம்புச் சத்து இல்லை. அச்சத்தை உடல் ஏற்க வைட்டமின் டி வேண்டும். அதனை ஆக்கிக்கொள்ள வெயிலின் புற ஊதாக் கதிர் நேரே உடலில் படவேண்டும். சாளரக் கண்ணாடியின் வழியே வரும் வெயிலில் அக்கதிரின் பெரும்பகுதி தடைப்பட்டுவிடும். மேலும் இவ்வினம் குஞ்சாக உள்ளபோது புழு, பூச்சி, சிறு மீன் முதலியவற்றையே மிகுதியாக உண்பது. வளர வளரவே பச்சிலைகளை நாடும். வயிறு நிறைந்திருந்தும் அது பட்டினி கிடந்தது. முப்பதாண்டுகளுக்கு மேல் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன நாம், இவ்வுயிர் எதனை உண்டு வாழும் என்று எவரிடமும் கேட்டறியவில்லை.

வீடு திரும்பியதும், "நம் வீட்டில் ஊன் நுழையாது, கண்ணா" என்றோம். பெயரன் உடனே, "அப்படியானால் இதை ஏன் வீட்டிற்குள் விட்டோம், பாட்டி?" என்று கேட்டான். நமக்கு விடை வரவில்லை.

இப்போது நான்காவது அதிசாரத்திற்கு வருகிறோம். ஆமையின் முதுகில் எவரும் மூட்டை ஏற்றுவதில்லை. ஆயினும் பாரம் ஏற்றுகிறோம். ஆமை வைத்தால் செல்வம் பெருகும் என்று வாங்குவோர் தம் ஆசையை அதன்மேல் ஏற்றுகின்றனர். நாமோ நம் விரதத்தை ஏற்றினோம். விரதம் என்பது அறிந்து, விரும்பி, தானே மேற்கொள்வது. அதனை ஆமை மேற்கொள்ளவில்லை. நாம் காக்க வேண்டிய நோன்பை அதன் எலும்பைக் கொண்டு காத்தோம். நம் தூய்மைக்கு அதன் ஓடு விலையாயிற்று.

அப்படியானால் மீன் தூள் இடுவது அறமாகுமா? ஆகாது. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் ஆகிய மூன்றினாலும் வினை வரும் என்பது ஆகமத் துணிவு. பூனை முதலிய ஊனுண்ணும் உயிர்களை வளர்ப்பதனை வீண் பாவமாகிய அனர்த்த தண்டத்துள் வைத்து ஆசாரியர்கள் விலக்கியதன் காரணம் நமக்கு அன்றே விளங்கிற்று. அவ்வுயிர்களின்மேல் வெறுப்பினால் அவர்கள் அவ்வாறு கூறவில்லை. வளர்த்தால் ஒன்று அதனை வருத்த நேரும், அல்லது அதற்காகப் பிற உயிர்களை வருத்த நேரும் என்பதனாலேயே கூறினர்.

"ஏரியில் விட்டுவிடுங்கள், ஜீவனை விடுவித்த புண்ணியமாவது கிட்டும்" என்றார் ஓர் அன்பர். அவர் நல்லெண்ணத்தால் சொன்னார். ஆனால் அது புண்ணியம் அன்று. உலகின் பல நாடுகளில் இவ்வாமையை இவ்வாறே குளங்களில் விட்டனர். அது அங்கங்கே இருந்த ஆமைகளின் உணவையும் குளிர்காயும் இடத்தையும் பறித்துக்கொண்டது, நீர்வாழ் சிற்றுயிர்களை உண்டது, நோயையும் பரப்பியது. மிகத் தீங்கு செய்யும் 100 அயலினங்களின் உலகப் பட்டியலில் இதன் பெயரும் இடம்பெற்றுள்ளது. ஐரோப்பிய நாடுகளின் கூட்டமைப்பு 1997இல் இதன் இறக்குமதியைத் தடை செய்தது. நம் ஏரிகளில் காராமையும் பாலாமையும் வாழ்கின்றன. ஓர் உயிரை விடுவிப்பதாக எண்ணிப் பல உயிர்களின் வாழ்வில் கை வைப்பது கருணை ஆகாது. ஜினாலயக் குளத்திலும் கிணற்றிலும் கூட விடலாகாது.

அவ்வாறாயின் நாம் என்ன செய்தோம்? மறைக்காமல் சொல்கிறோம். குடும்பத்தார் கூடிப் பேசினோம். உயிரைக் காக்கும் பொருட்டு மருத்துவர் சொன்ன அளவில் தீனி வாங்க மகன் முன்வந்தார். நாம் தடுக்கவில்லை; தடுக்காமை உடன்பாடே என்பதையும் அறிவோம். நாள்தோறும் பிரதிக்கிரமணத்தில் அக்குற்றத்தை எடுத்துரைத்து வருந்துகிறோம். அன்று முதல் நெய்யையும் இனிப்பையும் துறந்துள்ளோம். மாடியில் பாதி நிழலும் பாதி வெயிலுமாகச் சிமெண்டுத் தொட்டி கட்டி, நடுவே கல் இட்டோம். ஓடு இறுகச் சில மாதங்கள் ஆயின. ஓரத்தில் சிறு கோணல் மட்டும் நின்றுவிட்டது. இப்போது அது வளர்ந்து, பரங்கிக்காய்த் துருவலையும், மாற்றி மாற்றி இடும் கீரைகளையும், நீரில் மிதக்கும் பச்சைச் செடிகளையுமே பெரிதும் உண்கிறது. தீனி சிறிதளவே. அழுக்கு நீரை அடிக்கடி மாற்றுகிறோம், அந்நீரைச் செடிகளுக்கு ஊற்றுகிறோம், வாய்க்காலில் விடுவதில்லை.

இதனை நியாயமென்று காட்டுவதற்காக எழுதவில்லை. தீனி இட்ட நாளில் குற்றம் தொடங்கவில்லை. குடுவையைக் கைந்நீட்டி வாங்கிய நாளிலேயே தொடங்கிவிட்டது. நாற்கால் உயிர்களும் புறப்பற்றுகள் பத்தினுள் எண்ணப்பட்டவை. பரிசாக வந்தாலும் பரிக்கிரகம் பரிக்கிரகமே. அன்று "வேண்டாம்" என்று இன்சொல்லால் மறுத்திருந்தால், பின்னர் வந்த துன்பம் எதுவும் நம் கையால் நேர்ந்திராது.

ஆகவே அன்பர்களுக்கு நாம் கூறுவன இவை. உயிரை விலைக்கு வாங்காதீர், பரிசாகவும் தராதீர். கடையில் வாடும் உயிரை மீட்கிறோம் என்று வாங்கினாலும், அவ்விடத்தில் இன்னொன்றை வைக்கக் கடைக்காரருக்கு நாமே பொருள் தருகிறோம்.

ஓட்டில் நட்சத்திரக் கோலம் உடைய நம் நாட்டு நில ஆமையை எவரேனும் தந்தால், அதனை வைத்திருத்தல் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நாடுகளிடையே அதன் வணிகமும் 2019இல் மிகக் கடுமையான தடைக்குள் வந்தது. வனத்துறையிடம் ஒப்படைப்பதே வழி. வெளிநாட்டு உயிரினங்கள் சிலவற்றை வைத்திருப்போர் அரசில் பதிவு செய்தல் வேண்டும் என்னும் விதிகள் 2024இல் வெளிவந்துள்ளன. உங்களிடம் உள்ள இனம் அதில் அடங்குமா என்று வனத்துறையிடம் கேட்டறிக.

முன்னரே வீடு புகுந்துவிட்ட ஆமையைக் கைவிடாதீர். எவ்வினம் என்று அறிந்து, அதற்குரிய இடமும் வெயிலும் உணவும் தருக. தொட்ட பின் சோப்பிட்டுக் கை கழுவுக; அதன் தொட்டியை அடுக்களையில் கழுவாதீர். ஆமையின் உடலில் சால்மொனெல்லா என்னும் நோய்க்கிருமி இருக்கக்கூடும். அதனால் குழந்தைகள் நோயுற்றமையாலேயே அமெரிக்காவில் 4 அங்குலத்திற்குக் குறைந்த ஓடுடைய ஆமைகளின் விற்பனை 1975இல் தடை செய்யப்பட்டது. சிறு குழந்தைகளும் முதியோரும் நெருங்காதிருத்தல் நலம்.

இறுதியாக ஒன்று. இவ்வாமை 30 ஆண்டுகள் வரை வாழக்கூடும். நாமோ எழுபதைக் கடந்துவிட்டோம். நமக்குப் பின்னும் அது இருக்கும். ஆதலின் அதன் உணவு, நீர், மருத்துவம் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதிப் பெயரனிடம் தந்துள்ளோம். அவன் படிப்பிற்காக வெளியூர் செல்லும்போது யார் பார்ப்பது என்பதையும் அதில் எழுதியுள்ளோம். நிலத்திற்கும் நகைக்கும் உரியவர் யார் என்று எழுதி வைக்கும் நாம், நம்மை நம்பியிருக்கும் உயிருக்கு உரியவர் யார் என்றும் எழுதி வைக்க வேண்டாமா?

நாள்தோறும் காலையில் மாடிக்குச் செல்கையில், அது கல்லின்மேல் ஏறிக் கழுத்தை நீட்டி வெயிலை வாங்கிக்கொண்டிருக்கும். ஓட்டின் அந்தக் கோணலைக் காணும்போதெல்லாம் நம் பாடம் நினைவிற்கு வருகிறது. உயிர்களிடத்து அன்பு மட்டும் போதாது. அறிந்து செய்யும் அன்பு வேண்டும். நற்காட்சியோடு நன்ஞானத்தையும் நல்லொழுக்கத்தையும் சேர்த்தே மும்மணி என்று நம் முன்னோர் வைத்தது இதனாலன்றோ?

வீடு புகுந்த ஆமை உருப்படட்டும். இனி வேறோர் ஆமை நம் வீடுகளில் புகவேண்டிய நிலை நேராதிருக்கட்டும்.

அறம் வளர்க! எவ்வுயிரும் இன்புறுக!