படையலில் மாற்றுப் பொருள்

படைப்பதற்குரிய பொருள் கிடைக்காதபோது அதற்குப் பதில் இன்னொன்றை வைக்கலாமா, வைத்தால் அது படையலாகுமா என்ற கேள்வி மிகப் பழையது. அதற்கு ஏட்டில் ஒரு விடை இருக்கிறது, அடுப்படியில் ஒரு விடை இருக்கிறது. மலேசியாவின் கெடா மாநிலத் தோட்டங்களிலும் அவற்றை ஒட்டிய சிறு நகரங்களிலும் தலைமுறை தலைமுறையாகப் பலகாரம் சுட்டுவந்த தமிழ்க் குடும்பங்களின் வழக்கத்தைப் பார்த்தால், இரண்டு விடைகளும் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. ஓரிடத்தில் மட்டும் நேர் எதிராகத் திரும்புகின்றன.

ஏட்டு விடையைத் தந்தவர்கள் வேதச் சடங்கு விதிகளை ஆராய்ந்த மீமாம்சகர்கள். ஜைமினியின் மீமாம்ச சூத்திரத்தில் ஆறாம் அத்தியாயத்தின் மூன்றாம் பாதம் 'பிரதிநிதி' எனப்படும் மாற்றுப் பொருளைப் பற்றியது. வேள்விக்கு நெல் விதிக்கப்பட்டிருக்கிறது, நெல் இல்லை என்றால் நீவாரம் என்னும் காட்டு நெல்லைக் கொள்ளலாம். காரணம், அது நெல்லை ஒத்தது. சோமக்கொடி கிடைக்காவிட்டால் பூதிகம் என்ற கொடியைப் பிழியலாம் என்று வேதமே சொல்லிவிடுகிறது. ஆனால் எல்லாவற்றுக்கும் மாற்று உண்டு என்று ஜைமினி விட்டுவிடவில்லை. யாருக்குப் படைக்கப்படுகிறதோ அந்தத் தெய்வத்துக்கும், அக்கினிக்கும், மந்திரத்துக்கும், செய்யவேண்டிய செயலுக்கும் மாற்று இல்லை. வேள்வியைச் செய்விக்கும் தலைவனுக்கும் பொதுவாக மாற்று ஆள் கிடையாது. வேள்விக்கு ஆகாது என்று விலக்கப்பட்ட உளுந்து, வரகு போன்றவை பார்வைக்கு எவ்வளவு ஒத்திருந்தாலும் மாற்றாக வரக்கூடாது.

இவற்றோடு இரண்டு நுட்பங்களும் உண்டு. மாற்றாகக் கொண்ட பொருளும் தீர்ந்துவிட்டால், அடுத்துத் தேடவேண்டியது மூலப்பொருளை ஒத்ததையே. மாற்றை ஒத்ததைத் தேடக்கூடாது. இல்லையென்றால் ஒவ்வொரு படியாக விலகி, நெல்லில் தொடங்கியது எங்கோ போய் முடியும். இரண்டாவது, கட்டாயமாகச் செய்யவேண்டிய நித்தியச் சடங்கை இயன்றவரை செய்தால் போதும், உறுப்பு ஒன்றிரண்டு குறைந்தாலும் அது நிறைவேறும்; பலன் வேண்டிச் செய்யும் காம்யச் சடங்கில் குறையே கூடாது. கேட்டுப் பெறவேண்டும் என்றால் முழுதும் செய். கடமை என்றால் முடிந்ததைச் செய். ஏழை வீட்டுப் பண்டிகையை இந்த இரண்டாம் நுட்பத்தைவிடத் தெளிவாக நியாயப்படுத்திய சாத்திர வாக்கியத்தைக் காண்பது அரிது. அதைச் சொன்னவர்கள் ஏழை வீட்டை நினைத்துச் சொல்லவில்லை என்பது வேறு.

பக்தி இலக்கியம் இதே கேள்வியை வேறு பக்கமிருந்து எடுக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரிய புராணத்தில் இளையான்குடி மாறனார் வறுமையின் உச்சத்தில் இருக்கும் மழை இரவில் அடியார் வேடத்தில் சிவன் வந்து நிற்கிறான். வீட்டில் ஒரு பிடி அரிசி இல்லை. அன்று பகலில் வயலில் விதைத்த முளைநெல்லை இருட்டில் வாரிக் கொண்டுவருகிறார். விறகுக்கு வீட்டுக் கூரையின் கட்டைகளை அறுக்கிறார். குழியில் இருந்த இளங்கீரையைப் பறித்துத் தருகிறார். அந்த ஒரே கீரையைப் பலவகைக் கறியாக அவர் மனைவி சமைக்கிறார். நாயனார் பெயரில் வழங்கும் கதைதான். என்றாலும் விதைநெல்லையும் ஒரு பிடிக் கீரையையும் விருந்தாக மாற்றிய கை அந்த அம்மாளுடையது. கண்ணப்பர் இன்னும் ஒரு படி மேலே போகிறார். காளத்தியில் அவர் வைத்த இறைச்சி, அங்கே பூசை செய்த சிவகோசரியாரின் ஆகம முறைப்படி விலக்கப்பட்டது. வாயில் இட்டுச் சுவை பார்த்து வைத்ததோ அதைவிடப் பெரிய குற்றம். இரண்டையும் இறைவன் ஏற்றான் என்பது கதை. மீமாம்சை அனுமதித்தது மாற்றை மட்டுமே. விலக்கப்பட்டதும் ஏற்புடையதாகும் என்று சொன்னது பக்தி.

கெடாவில் இந்தக் கேள்வி புத்தகத்திலிருந்து வரவில்லை, கடைச் சாமானிலிருந்து வந்தது. 1909 ஆங்கிலேய–சயாம் உடன்படிக்கையால் சயாமின் மேலாதிக்கம் விலகிக் கெடா பிரிட்டிஷ் செல்வாக்கின்கீழ் வந்தது. அதைச் சுற்றிய ஆண்டுகளில் மாநிலத்தின் தெற்கிலும் நடுவிலும் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. கங்காணிகள் மூலம் தமிழர் வந்து சேர்ந்தனர். ஜெராய் மலை இந்த நிலத்தை இரண்டாகப் பிரித்துக் காட்டுகிறது. மலையின் மேற்கே கடலோரம் யான் மாவட்டம்: நெல்வயல், மீன்பிடிக் கம்பங்கள், அடிவாரத்தில் டுரியான் தோப்புகள். கிழக்கிலும் தெற்கிலும் குருண், பீடோங், சுங்கைப் பட்டாணி வரை பால்மரக் காடு. காவிரிப் பக்கத்திலும் வைகைப் பக்கத்திலும் நெல் விளைவித்த குடும்பங்கள், மலைக்கு அந்தப் பக்கம் நெல் விளைய, இந்தப் பக்கம் அரிசியைக் கடையில் பற்று எழுதி வாங்கின.

அரிசியே இல்லாத காலமும் வந்தது. போருக்கு முன் மலாயா தன் அரிசியில் பெரும்பங்கைப் பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் இறக்குமதி செய்தது. 1941 டிசம்பரில் ஜப்பானியர் வந்ததும் அந்த வழி அடைபட்டது. 1943 அக்டோபரில் கெடா சயாமின் கைக்கு மாற்றப்பட்டு, 1945இல் போர் முடியும்வரை அப்படியே இருந்தது. நெல் விளையும் மாநிலமாக இருந்தும் கூலியை நம்பியிருந்த லயத்து வீடுகளுக்கு மரவள்ளிக் கிழங்குதான் சோறு. தோலைச் சீவித் துருவி, துணியில் கட்டிப் பிழிந்து, பிழிந்த நீரைத் தெளியவிட்டால் அடியில் வெள்ளை மாவு தங்கும். நஞ்சுத்தன்மை உள்ள கிழங்கு என்பதால் இந்தப் பிழிதல் ருசிக்காகச் செய்வதல்ல. சக்கையில் தேங்காய் சேர்த்து அவித்தால் புட்டு, தட்டிச் சுட்டால் அடை. ஆனால் கிழங்கு மாவு அரிசி மாவைப் போல் முறுக்குக்கு இணங்காது. எண்ணெயில் உப்பி, ஆறியதும் இழுபட்டுப் போகும். ஆகவே அரிசி இல்லாத வீட்டில் முறுக்குக்கு மாற்று முறுக்கு கிடையாது, வேறு பலகாரம்தான். ஒத்ததைக் கொள் என்ற ஜைமினியின் விதி இங்கே அடுப்பில் தோற்கிறது. முடிந்ததைச் செய் என்ற விதி நிற்கிறது.

பொங்கலில் இது இன்னும் தெளிவு. அறுவடை இல்லாதவர்களின் அறுவடைப் பண்டிகை அது. மாடு வைத்திருந்த வீடுகளில் பசும்பால் இருந்தது. மற்ற வீடுகளில் டின் பாலைக் கரைத்தார்கள், அல்லது தேங்காய்ப் பால். தேங்காய்ப் பாலை முதலிலேயே ஊற்றிக் கொதிக்கவிட்டால் திரிந்துபோகும். கெட்டிப்பாலைக் கடைசியில்தான் சேர்க்கவேண்டும். அப்படியானால் பானை எதைக்கொண்டு பொங்குவது? அரிசி களைந்த நீரும், வேகும் அரிசியின் மாச்சத்துமே நுரைத்துப் பொங்கும். பாலுக்கு மாற்று வந்தது, வெல்லத்துக்குக் கூலா மெலாகா என்னும் தென்னஞ்சர்க்கரை வந்தது, வாசனைக்குப் பாண்டான் இலை வந்தது. பானை பொங்கி வழிவதற்கு மட்டும் மாற்று வரவில்லை. வழியாமல் வெந்த பொங்கலை எவ்வளவு நெய் விட்டாலும் யாரும் பொங்கல் வைத்ததாகச் சொல்லமாட்டார்கள். செயலுக்கு மாற்றில்லை என்ற சூத்திரத்தைப் படிக்காதவர்களே அதை இம்மி பிசகாமல் கடைப்பிடித்தார்கள். தெய்வத்துக்கும் மாற்று வேண்டியிருக்கவில்லை. ஜெராய்க்குக் கிழக்கே உதிப்பதும் அதே சூரியன்தான்.

தீபாவளி அதிரசத்தில் மாற்றுப் பொருள் ஒருபடி சிக்கலானது. பச்சரிசியை ஊறவைத்து, ஈரம் போகாமல் இடித்துச் சலித்து, வெல்லப்பாகில் கிளறி, ஓரிரு நாள் வைத்திருந்து சுடவேண்டும். பாகைத் தண்ணீரில் விட்டால் கரையாமல் விரலில் உருளவேண்டும். முந்தினால் மாவு எண்ணெயில் உதிரும், பிந்தினால் கல்லாகும். வெல்லம் இல்லையென்று சீனியை வைத்தால், சீனிப்பாகு ஆறும்போது படிகமாகி அதிரசத்தை விறைக்கவைக்கும். தென்னைச் சாற்றில் காய்ச்சிய கூலா மெலாகா அப்படிச் செய்யாது. வெல்லத்தைப் போலவே முழுதும் படிகமாகாத இனிப்பு அதில் உண்டு. நிறத்தில் சீனியைவிட அது வெல்லத்துக்குப் பக்கம், குணத்திலும் பக்கம். நெல்லுக்கு நீவாரம்போல், இது ஒத்த மாற்று. கெடாக் கடைகளில் எளிதாகக் கிடைத்ததால் இந்தத் தேர்வு நடந்திருக்கலாம். ஆனால் நிலைத்தது பதம் சரியாக வந்ததால்.

படையலுக்கான உணவைச் சமைக்கும்போது ருசி பார்க்கக்கூடாது என்ற கட்டுப்பாடு, பழகிய பண்டத்தில் பெரிய சிரமம் தராது. உப்பும் இனிப்பும் கைக்குத் தெரியும். புதிய பொருளைக் கையாளும்போதுதான் அது கடுமையாகிறது: பழகாத மாவு, பழகாத சர்க்கரை, முதல் முறை, வாயில் வைத்துப் பார்க்காமல் எப்படித் தெரியும்? மாற்றுப் பொருளை அனுமதித்த ஏடுகள் இந்த நெருக்கடியை எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. சமைத்துப் பார்க்காதவர்களுக்கு அது தோன்றாது. பல வீடுகளில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. மாவில் கொஞ்சத்தை எடுத்துத் தனியே சுட்டு, அடுப்பைச் சுற்றி நிற்கும் பிள்ளைகளிடம் கொடுத்துக் கேட்டுக்கொள்வார்கள். படையலுக்கு உரிய பங்கு தொடப்படாமல் இருக்கும். கண்ணப்பர் ஒரே இலைத் தட்டில் செய்ததை இரண்டு தட்டாகப் பிரித்துவிட்ட தீர்வு இது. விதியையும் மீறவில்லை, ருசியையும் கைவிடவில்லை. பிள்ளைகளுக்கும் வருத்தமில்லை.

விலக்கப்பட்டது மாற்றாகாது என்ற விதி அச்சு முறுக்கில் தெரிகிறது. மலாய்க்காரர் வீட்டிலும் ரோஸ் பலகாரமாக வழங்கும் இது, சூடான அச்சை மாவில் தோய்த்து எண்ணெயில் உதறுவது. தேங்காய்ப் பாலோடு முட்டையும் சேர்த்தால் மாவு அச்சில் நன்றாகப் பிடிக்கும். சாமி அறையில் வைப்பதற்கு என்றால் முட்டை இல்லாமல் கரைக்கும் வீடுகள் உண்டு. உடைசல் கூடினாலும் பரவாயில்லை என்று அதைத் தனியாகச் சுடுவார்கள். விருந்தாளிக்கு முட்டை சேர்த்தது. பிளாண்டா மார்ஜரினில் செய்த பிஸ்கெட்டும் டின் பாலில் கிளறிய தேங்காய் மிட்டாயும் எந்தத் தயக்கமும் இல்லாமல் படையல் தட்டில் ஏறின. தேங்காய் மிட்டாயை இன்று எதற்கும் மாற்று என்று யாரும் நினைப்பதில்லை. மலேசியத் தமிழர் தீபாவளியின் பண்டமாகவே அது ஆகிவிட்டது.

ஏடும் அடுப்படியும் எதிர்த்திசையில் போகும் இடம் முன்னோர் படையல். தீபாவளிக்கு முதல் நாள் இறந்தவர்களுக்கு இலை போட்டுப் படைப்பது கெடாவில் பரவலான வழக்கம். அந்த இலையில் என்ன இருக்கவேண்டும் என்பதை எந்த விதியும் சொல்வதில்லை, இறந்தவரின் நாக்கு சொல்கிறது. பிரட்டு எனப்படும் அதிகாலை ஆள்கணக்கெடுப்புக்குப் போகுமுன் பால் சேர்க்காத கோப்பி-ஓவில் ரொட்டியை நனைத்துத் தின்றவருக்கு அதுவே வைக்கப்படும். ஒருவருக்கு டின் சார்டின் கறி, ஒருவருக்கு நெத்திலி சம்பல் போட்ட நாசி லெமாக், ஒருவருக்குச் சுருட்டு. ஊரிலிருந்து பார்த்தால் இவை எல்லாமே மாற்றுகள். தோட்டத்தில் வேறு வழியின்றி வந்த உணவுகள். படையலில் இவை மூலப்பொருளாகிவிடுகின்றன. சார்டினுக்குப் பதில் நல்ல வஞ்சிர மீன் வைத்தால் அதுதான் குறை. மீமாம்சையில் பொருள் மாறலாம், பெறுபவர் மாறமுடியாது. இங்கே பெறுபவர் மாறாதவர் என்பதாலேயே பொருளும் மாறமுடியாததாகிறது. வறுமையின் உணவு இப்படி விதியாவதைச் சிலர் அறியாமை என்கிறார்கள். அது சரியான கணிப்பல்ல: இறந்தவர் உண்மையில் எதைத் தின்று பசி ஆறினார் என்பதை மறைக்காத படையல் அது.

கள் இந்த வழக்கத்தின் கடினமான பகுதி. தோட்டத்துக் கள்ளுக்கடையில் அந்தியில் குடித்தவருக்கும், அவர் வணங்கிய முனியாண்டிக்கும் தென்னங்கள் வைப்பது முறையாக இருந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீடமைப்புக்கு விற்கப்பட்டும் குடும்பங்கள் சுங்கைப் பட்டாணிப் பக்கத்தில் தாமான் எனப்படும் குடியிருப்புகளுக்கு நகர்ந்தபோது கள்ளுக்கடைகளும் அருகின. கள்ளின் இடத்தில் கறுப்பு ஸ்டவுட் வந்தது. அது கிடைக்காதபோது என்ன செய்வது என்பதில் இரண்டு வழக்கு இருக்கிறது. சில வீடுகளில் கள்ளை ஒத்து இனித்திருக்கும் இளநீரை வைக்கிறார்கள்; மூலத்தை ஒத்ததைத் தேடு என்ற ஜைமினியின் விதிக்கு அது சரியாகப் பொருந்துகிறது. வேறு வீடுகளில் வேறொரு பீர் புட்டி வருகிறது, மாற்றை ஒத்த மாற்று. கள்ளைக் கண்டறியாத பேரப்பிள்ளைகளுக்குத் தாத்தா என்றால் ஸ்டவுட்தான் நினைவு. தாத்தாவோ ஸ்டவுட்டை வாயில் வைத்திருக்கமாட்டார். யாருடைய நாக்கைக் கேட்டு இலையை நிரப்புவது என்பதை அந்தந்த வீட்டில் மூத்தவர்தான் இன்று தீர்மானிக்கிறார்.