பசியின் சம்மதம்

"நீங்களே பார்த்துக் கொடுங்கம்மா."

நம் வீடுகளில் கூலி பேசும்போது அடிக்கடி காதில் விழுகிற வார்த்தை இது. தேங்காய் பறிக்க ஏறுகிறவர், கிணறு தூர் வாருகிறவர், பாத்திரம் தேய்க்க வருகிற அம்மாள், மூட்டை சுமக்கிறவர் எல்லோரும் இதைச் சொல்கிறார்கள். எவ்வளவு வேண்டும் என்று நேராகக் கேட்டாலும் தொகையைச் சொல்லத் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்தை நாம் அடக்கம் என்று எடுத்துக்கொள்கிறோம். சில சமயம் நம்மீது வைத்த நம்பிக்கை என்று நினைத்துப் பெருமையும் படுகிறோம். பெரும்பாலும் அது பயம். கொஞ்சம் கூடச் சொல்லிவிட்டால் இந்த வேலையும் கைவிட்டுப் போய்விடுமோ என்கிற பயம்.

நாம் பார்த்துக் கொடுக்கிறோம். அவர் வாங்கிக்கொண்டு போகிறார். இரு தரப்பிலும் சம்மதம். இனிக் கேள்விக்கு இடம் ஏது? ஆனால் எனக்கு ஒரு கேள்வி எழுகிறது: ஒருவர் சம்மதித்து வாங்கிக்கொண்ட ஒரே காரணத்தால் ஒரு கூலி நியாயமான கூலி ஆகிவிடுமா?

ஆகிவிடும் என்பவர்கள் அதிகம். "நான் என்ன, அவனைக் கட்டி இழுத்தா வந்தேன்? இந்தத் தொகைக்கு வருகிறாயா என்றேன்; வந்தான். பிடிக்காவிட்டால் போயிருக்கலாமே! எங்கள் இருவருக்கும் நடுவே மூன்றாவது மனிதருக்கு என்ன வேலை?" என்பார்கள். இந்த வாதத்தை அற்பம் என்று தள்ளிவிடக் கூடாது. மனிதனுடைய வாய்ச்சொல்லுக்கு மதிப்புத் தருகிற வாதம் அது. தனக்கு எது நல்லது என்பதை அவனவனே அறிவான் என்ற நல்ல எண்ணம் அதன் அடியில் இருக்கிறது.

ஆனால் சற்று யோசித்துப் பாருங்கள். 'மாட்டேன்' என்று சொல்ல வசதி உள்ளவன் சொல்கிற 'சரி'க்குத்தான் பொருள் உண்டு. தோட்டத்துக்காரர் ஒரு வாரம் காத்திருக்கலாம்; புல் இன்னும் கொஞ்சம் வளரும், அவ்வளவுதான். ஆலைக்காரர் ஒரு மாதம் காத்திருக்கலாம், லாபம் குறையும். கூலிக்கு வந்தவர் வீட்டில் அன்று மாலை உலை வைத்தாக வேண்டும். அவருடைய பேரம் பொழுது சாய்வதற்குள் முடிந்துவிட வேண்டும். காத்திருக்க முடிந்தவருக்கும் முடியாதவருக்கும் நடக்கிற பேரத்தில் யார் இறங்கி வருவார் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இது திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற தத்துவம் மட்டும் அல்ல. சுதந்திரம் வந்த சில ஆண்டுகளுக்குள்ளேயே சுப்ரீம் கோர்ட்டின் வாசலுக்குப் போன கேள்வி இது.

1948-ல் நம் நாட்டில் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. கூலி இவ்வளவு என்று அந்தச் சட்டம் எந்தத் தொகையையும் எழுதி வைக்கவில்லை. அரிசி ஆலை, எண்ணெய் ஆலை, பீடித் தொழில், தோல் பதனிடுதல், கல்லுடைத்தல், சாலை போடுதல், தோட்டத் தொழில், விவசாயம் என்று ஓர் அட்டவணை போட்டது. அந்தந்தத் தொழிலுக்கு அரசாங்கம் கூலியை நிர்ணயிக்க வேண்டும். அதற்குக் கீழே ஒருவரும் கொடுக்கக் கூடாது என்றது.

அப்போது தனி ராஜ்யமாக இருந்த அஜ்மீரில் ஜவுளித் தொழிலுக்கு இப்படி ஒரு கூலி நிர்ணயமாயிற்று. அது கட்டுப்படியாகாது என்று ஒரு பருத்தி ஆலையின் நிர்வாகம் வழக்குத் தொடுத்தது. அதைவிடக் குறைவான கூலிக்கு வேலை செய்யத் தொழிலாளர்களே இசைந்திருக்கும்போது சட்டம் குறுக்கே நிற்கலாமா என்பது அங்கே எழுந்த கேள்வி. 1954-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. வறுமையாலும் கதியற்ற நிலையாலும் தொழிலாளி குறைந்த கூலிக்கு இசைந்துவிடக் கூடும். அப்படி இசைந்தாலும் அவனைக் காப்பாற்றத்தான் இந்தச் சட்டமே வந்திருக்கிறது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். சில முதலாளிகளுக்குச் சிரமம் என்பதற்காகச் சட்டத்தைத் தள்ளிவிட முடியாது என்றும் நீதிமன்றம் கூறிவிட்டது.

பசியின் சம்மதம் சம்மதம் ஆகாது என்பதை ஒரு நாடு எழுத்தில் ஒப்புக்கொண்ட இடம் இது என்று நான் நினைக்கிறேன்.

சரி, கோட்டை எங்கே போடுவது? எதற்குக் கீழே போனால் சம்மதம் செல்லாது? இதற்கு விடை தேடி 1957-ல் இந்தியத் தொழிலாளர் மாநாட்டின் பதினைந்தாவது கூட்டம் ஒரு கணக்குப் போட்டது. அந்தக் கணக்கில் தமிழ்நாட்டுக்கும் ஒரு சிறு பங்கு உண்டு. நீலகிரியில் குன்னூரில் ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடத்தின் தலைவராக இருந்தவர் ஐக்ராய்டு என்ற நிபுணர். உழைக்கிற இந்தியனுக்கு என்ன உணவு வேண்டும் என்பதற்கு அவர் தந்த அளவையே மாநாடு எடுத்துக்கொண்டது. வளர்ந்த ஆள் ஒருவருக்கு நாளொன்றுக்கு 2,700 கலோரி. சம்பாதிப்பவர் ஒருவரை நம்பி இருக்கும் குடும்பத்துக்குச் சாப்பாட்டுக் கணக்கில் மூன்று பங்கு. மனைவி மக்கள் சம்பாதிப்பதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. தலைக்கு ஆண்டுக்குப் பதினெட்டு கெஜம் துணி; நான்கு பேருக்கு 72 கெஜம். அரசாங்கத்தின் தொழிலாளர் வீட்டுத் திட்டத்தில் உள்ள குறைந்தபட்ச வாடகை. விறகு, விளக்கு, இதர செலவுகளுக்கு மொத்தக் கூலியில் நூற்றுக்கு இருபது.

கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு இந்தப் புள்ளிகளைப் படிக்கும்போது ஒரு குடும்பம் கண்முன் வந்து நிற்கிறது. பதினெட்டு கெஜத்தில் ஆறு கெஜச் சேலை மூன்று எடுக்கலாம்; ரவிக்கையும் பாவாடையும் வேண்டுமானால் சேலை இரண்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். குழந்தையின் காய்ச்சலும் பள்ளிக்கூடத்துச் சிலேட்டும் தீபாவளியும் 'இதர செலவுகள்' என்ற இரண்டு வார்த்தைக்குள் முடங்கிக் கிடக்கின்றன. குழந்தைகளின் படிப்பு, வைத்தியம், பண்டிகை, கல்யாணம், முதுமை இவற்றுக்காக இன்னும் நூற்றுக்கு இருபத்தைந்து பங்கு வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் சொன்னது 1991-ல். ஏழைக்கும் காய்ச்சல் வரும் என்பது கணக்கில் தனியாக ஏறுவதற்கு முப்பத்து நான்கு ஆண்டுகள் பிடித்தன!

குறை இருக்கட்டும். இந்தக் கணக்கின் உள்ளே இருக்கிற எண்ணம் பெரியது. சந்தையில் எந்தப் பொருளுக்கும் விலை வைப்பவர்கள் அந்தப் பொருளைப் பார்க்கிறார்கள். இங்கேயோ மாநாட்டில் கூடியவர்கள் வேலையைப் பார்க்கவில்லை. வேலை செய்பவனுடைய வீட்டைப் பார்த்தார்கள். இவன் இன்று எத்தனை கல் உடைத்தான் என்று கேட்காமல், இவன் நாளைக்கும் மனிதனாக எழுந்து வர என்ன வேண்டும் என்று கேட்டார்கள். அந்த அளவைக்கூடக் கொடுக்க முடியாத தொழிலுக்கு நிலைத்திருக்க உரிமை இல்லை என்று பிறகு நீதிமன்றங்களும் கூறின.

சட்டம் கோடு போட்ட பிறகும் அதைத் தாண்டுவதற்குச் சாக்குகள் கிடைத்துக்கொண்டேதான் இருந்தன. 1982-ல் டில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிக்காகப் பெரிய பெரிய கட்டடங்கள் எழுந்தன. கூலியாட்களுக்கு நாளொன்றுக்கு 9 ரூபாய் 25 காசு கொடுக்க வேண்டும். அதில் ஒரு ரூபாயை, ஆள் பிடித்துக் கொடுத்த ஜமாதார் தரகாக எடுத்துக்கொண்டான். இந்த வழக்கில்தான் நீதிபதி பகவதி ஒரு பெரிய உண்மையைச் சொன்னார். குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே ஒருவன் உழைக்கிறான் என்றால், ஏதோ ஒரு நிர்ப்பந்தத்தில்தான் உழைக்கிறான். அந்த நிர்ப்பந்தம் சவுக்காக இருந்தால் என்ன, பசியாக இருந்தால் என்ன? அது அரசியல் சட்டம் தடுத்திருக்கிற கட்டாய உழைப்பே என்பது அவர் கருத்து.

அடுத்த ஆண்டே இந்தத் தத்துவத்துக்கு ஒரு சோதனை வந்தது. ராஜஸ்தானில் பஞ்ச நிவாரணமாகச் சாலை போடும் வேலை நடந்தது. மண் சுமந்தவர்களில் பலருக்குக் குறைந்தபட்சக் கூலி கிடைக்கவில்லை. குறைத்தது தனியார் யாரும் அல்ல, அரசாங்கம்! பஞ்ச வேலைக்குக் கூலிச் சட்டம் பொருந்தாது என்று 1964-லேயே மாநிலத்தில் ஒரு விலக்குச் சட்டம் செய்து வைத்திருந்தார்கள். பட்டினி கிடப்பவர்களுக்கு உதவி செய்கிறோம், உதவியில் அளவு பார்க்கலாமா என்ற நினைப்பு. கேட்பதற்குத் தர்மம் போலவே இருக்கிறது, இல்லையா? சுப்ரீம் கோர்ட் 1983-ல் அதை ஏற்க மறுத்துவிட்டது. அந்த மக்கள் பிச்சை வாங்கவில்லை. ஊருக்குப் பயன்படும் சாலையைப் போடுகிறார்கள். அவர்களுடைய பசியைக் காட்டியே அவர்களுடைய கூலியைக் குறைக்க முடியாது.

உதவி என்ற சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது அரசாங்கம் மட்டும்தானா? "பாவம், வேலை கொடுத்து வைத்திருக்கிறோம்" என்று நாமும் சொல்வதுண்டு.

சம்மதிக்க மறுத்தவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதையும் பார்த்தால்தான் சம்மதித்தவர்களின் நிலை புரியும். கீழத்தஞ்சையில் கூலி என்பது நெல்தான். அந்த நெல்லைக் கொஞ்சம் கூட்டித் தர வேண்டும் என்று விவசாயக் கூலிகள் கேட்டார்கள். கேட்டது குற்றமாயிற்று, அவர்கள் சங்கம் சேர்ந்தது அதைவிடப் பெரிய குற்றமாயிற்று. 1968 டிசம்பர் 25 இரவு, கீழவெண்மணியில் ஒரு குடிசைக்குள் ஒதுங்கியிருந்த 44 பேர் தீயில் கருகினார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அடுத்த ஆண்டு, 1969-ல், தமிழ்நாட்டில் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. 'பிடிக்காவிட்டால் போயிருக்கலாமே' என்று வாதாடுகிறவர்கள் வெண்மணியை ஒரு கணம் நினைத்துக்கொள்வது நல்லது.

இதற்கு ஓர் ஆட்சேபம் உண்டு. அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். கூலியைச் சட்டம் போட்டு உயர்த்தினால் முதலாளி ஆட்களைக் குறைத்துவிடுவான். காப்பாற்றப் புறப்பட்ட ஏழையையே தெருவில் நிறுத்தியதாக முடியும் என்று பொருளாதார அறிஞர்கள் பலர் நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். 1992-ல் அமெரிக்காவில் நியூ ஜெர்சி ராஜ்யம் மணிக்கூலியை நாலேகால் டாலரிலிருந்து ஐந்து டாலர் ஐந்து சென்ட்டுக்கு உயர்த்தியது. பக்கத்துப் பென்சில்வேனியாவில் உயர்த்தவில்லை. கார்ட், க்ரூகர் என்ற இரு அறிஞர்கள் இரண்டு இடங்களிலும் இருந்த துரித உணவுக் கடைகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கூலி உயர்ந்ததனால் நியூ ஜெர்சியில் ஆட்கள் குறைந்ததாகத் தெரியவில்லை. கார்டுக்கு 2021-ல் நோபல் பரிசு கிடைத்தது. அதனால் கூலியை எவ்வளவு உயர்த்தினாலும் கேடில்லை என்று ஆகிவிடாது. தாங்க முடியாத அளவுக்கு உயர்த்தினால் சிறு கடைக்காரர் கதவைச் சாத்துவார். அளவைப் பற்றி விவாதம் நடக்கட்டும். ஆனால் அளவு பற்றிய விவாதம் வேறு, கோடே வேண்டாம் என்பது வேறு.

கோடு இருந்தும் அது பல இடங்களில் காகிதத்தோடு நின்றுவிடுகிறது. 1996-ல் மத்திய அரசாங்கம் நாடு முழுவதற்கும் நாளொன்றுக்கு 35 ரூபாய் என்று ஓர் அடித்தளக் கூலியைச் சொன்னது. 2017-ல் அது 176 ரூபாய். சொன்னதே தவிர, அதைக் கொடுத்தே தீர வேண்டும் என்ற சட்டக் கட்டாயம் அன்று இல்லை. 375 ரூபாயாவது வேண்டும் என்று 2019-ல் நிபுணர் குழு ஒன்று எழுதியது. அதே ஆண்டு நாடாளுமன்றம் ஊதியச் சட்டத் தொகுப்பை நிறைவேற்றியது. பழைய அட்டவணையை எடுத்துவிட்டு, அடித்தளக் கூலிக்குச் சட்ட பலமும் தந்த அந்தத் தொகுப்பு 2025 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. நல்ல காரியம். ஆனால் கணக்குப் புத்தகத்தில் ஒரு தொகைக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கையில் வேறொரு தொகையைக் கொடுப்பவனை எந்தச் சட்டம் பின்தொடர்ந்து போகும்? தட்டிக் கேட்க வேண்டியவரும் நாளைக்கு வேலை வேண்டுமே என்று வாயை மூடிக்கொள்கிறார். முதலில் சம்மதம் வாங்கிய அதே பசி, பிறகு மௌனத்தையும் வாங்கிக்கொள்கிறது.

கதை படிக்கிற நமக்கு முதலாளி என்றால் ஆலை, பங்களா, கார் என்று ஒரு சித்திரம் இருக்கிறது. மாதம் பிறந்ததும் ஒருவர் கையில் சம்பளம் என்று எதையாவது வைக்கிறவர் எவரும் அவ்வளவில் முதலாளிதான். நம் சமையலறைக்குள் எந்த இன்ஸ்பெக்டரும் வந்து கணக்குக் கேட்கப் போவதில்லை. கேட்க வேண்டியவர்கள் நாமேதான்.

கேட்பதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். 1957-ல் அந்த மாநாடு கேட்ட கேள்விகளே போதும். இந்த அம்மாள் வீட்டில் சாப்பிடுகிறவர்கள் எத்தனை பேர்? வாடகை என்ன? அரிசி என்ன விலை விற்கிறது? குழந்தை படிக்கிறதா? நம் வீட்டில் அவர் உழைக்கிற நேரத்துக்கு இந்தச் செலவில் எத்தனை பங்கு நாம் கொடுக்க வேண்டும்? அக்கம்பக்கத்தில் என்ன கொடுக்கிறார்கள் என்று மட்டும் விசாரித்துவிட்டு நிறுத்திக்கொள்கிறவரைக்கும் நாம் பார்த்துக் கொடுத்ததாக ஆகாது. போகிற மாதத்துச் சம்பளத்தைக் கையில் எடுப்பதற்கு முன் ஒரு தாளில் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். தொகை மாறினாலும் மாறலாம்.