குறை கூறலும் அறமே

உண்ண வந்தவர் மனம் வாடி எழுந்து செல்வது உலகில் மிகச் சிறிய செய்தி. ஆயினும் மனிதனின் பண்பு பெரிய மேடைகளில் வெளிப்படுவதைக் காட்டிலும் சிறிய மேசைகளிலேயே மிகுதியாக வெளிப்படுகின்றது. தனக்கு ஒரு குறை நேர்ந்தபோது ஒருவன் என்ன செய்கிறான்? வாய்மூடிப் பொறுத்துக்கொள்கிறானா? சினந்து சீறுகிறானா? நேரில் புன்னகைத்துவிட்டுப் பின்னர்ப் பழி தூற்றுகிறானா? இம்மூன்றில் எது அறம்? அல்லது இம்மூன்றும் அல்லாத வேறொரு வழி உண்டா?

ஈப்போ நகரின் இத்தாலிய உணவகம் ஒன்றில் நிகழக்கூடிய காட்சியை எண்ணிப் பார்க்கலாம். பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டமொன்றில் முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டிய முதியவர் ஒருவரை, அவர்தம் பிறந்த நாளன்று மகன் அங்கு அழைத்து வருகிறான். இடைநிலைப் பள்ளியில் பயிலும் பேத்தியும் உடன் வருகிறாள். அவர்கள் கேட்ட உணவு ஒரு மணி நேரம் கழித்தே வருகிறது. பாஸ்தா குழைந்து கூழாகிக் கிடக்கிறது. அதன்மேல் ஊற்றிய குழம்பு ஆறிப்போயிருக்கிறது. பீட்சாவின் நடுப்பகுதியில் மாவு வேகவே இல்லை. தாமதத்திற்குக் காரணம் கூறவும் ஒருவரும் வரவில்லை.

முதியவர் ஒன்றும் கூறாமல் தட்டிலிருந்ததை முழுவதும் உண்டு முடிக்கிறார். மகனோ பரிமாறிய இளைஞனை அழைத்து, அடுத்த மேசையினர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கடிந்து பேசுகிறான். பேத்தி அந்த இளைஞனிடம் "எல்லாம் நன்றாக இருந்தது" என்று சொல்லிவிட்டு, அவன் அப்பால் சென்றதும் கைப்பேசியை எடுத்து ஊரறிய அவ்வுணவகத்தை இகழ்ந்து எழுதுகிறாள். பத்து விழுக்காட்டுச் சேவைக் கட்டணமும் சேர்ந்த தொகையைச் செலுத்திவிட்டு மூவரும் வீடு திரும்புகின்றனர். வழியில் பேத்தி கேட்கிறாள்: "தாத்தா, உங்களுக்கு உண்மையிலேயே பிடிச்சிருந்ததா?" முதியவர் சிறிது நேரம் கழித்துச் சொல்கிறார்: "பிடிக்கலம்மா. ஆனா, சொல்லிப் பழக்கமில்ல."

அந்த ஒரு விடையில் ஒரு தலைமுறையின் வரலாறே அடங்கியிருக்கின்றது.

முதலில் குறை எது, குறையல்லாதது எது என்பதைத் தெளிதல் வேண்டும். ஈப்போவில் சமைக்கப்படும் இத்தாலிய உணவு இத்தாலியில் உள்ளது போன்றே இருத்தல் வேண்டும் என்பது பொருந்தா எதிர்பார்ப்பு. உரோமாபுரியின் 'கார்பொனாரா' முட்டை, பாலாடைக்கட்டி, மிளகு, பதப்படுத்திய பன்றி இறைச்சி ஆகியவற்றால் ஆவது. பல இனத்தவரும் சமயத்தவரும் உண்ண வரும் மலேசியச் சமையற்கூடத்தில் அவ்விறைச்சிக்கு மாற்றாக வேறோர் இறைச்சி இடம்பெறுவது இயல்பு. இத்தாலியர் தம் சமையலின் உயிராகக் கருதும் தக்காளியே அமெரிக்கக் கண்டத்திலிருந்து பதினாறாம் நூற்றாண்டில் அவர்களை அடைந்ததுதான். தமிழர் சமையலில் நீங்கா இடம்பெற்ற மிளகாயும் அதே கண்டத்தில் தோன்றிப் போர்த்துக்கீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்தது. உணவு நாடு விட்டு நாடு செல்லும்போது உருமாறும், அம்மாற்றம் குற்றமன்று.

ஆயின், வேகாத மாவு மாற்றமன்று. ஆறிய குழம்பு புதுமையன்று. பாஸ்தா பல்லில் சற்றே கடிபடும் பதத்தில் இருத்தல் வேண்டும் என்பது அச்சமையலின் முதற் பாடம். காத்திருப்பவரிடம் ஒரு சொல் சொல்லாமல் விடுவது எந்நாட்டு மரபுமன்று. இவை கவனக் குறைவால் நேர்ந்த பிழைகள். இவற்றைக் குறையென்று கூற உண்டவருக்கு உரிமை உண்டு. மலேசியாவின் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டமும், பணம் பெற்று வழங்கும் சேவை தக்க கவனத்துடனும் திறத்துடனும் அமைதல் வேண்டும் என்கின்றது. ஆயினும் சட்டம் உரிமையைத்தான் தரும். அதனைப் பயன்படுத்தும் நாவையும் பண்பையும் தராது.

முதியவரின் மௌனத்தைப் பொறுமை என்று போற்றுவோர் இருக்கலாம். திருக்குறள் பொறையுடைமைக்கு ஓர் அதிகாரத்தையே வகுத்திருக்கின்றது அன்றோ என்றும் அவர்கள் கேட்கலாம். பொறுமை என்பது பேச வல்லவன் பேசாதிருப்பது; ஒறுக்க வல்லவன் ஒறுக்காதிருப்பது. பேசும் ஆற்றலையே இழந்தவனின் மௌனத்திற்கு அச்சம் என்றுதான் பெயர்.

அந்த அச்சம் எங்கிருந்து வந்தது? விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடும்போது குரல் கொடுப்பதைத் தவிர, தோட்டத்தில் தொழிலாளி தலைநிமிர்ந்து பேச வாய்த்த இடங்கள் மிகச் சில. பால் நிறுக்கும் இடத்தில் எடை குறைந்ததோ என ஐயம் எழுந்தாலும் கிராணியிடம் கேட்கத் தயங்கியவர் பலர். வேலை போனால் லயத்து வீடும் போய்விடும் என்னும் நிலையில், 'கொடுத்ததை வாங்கிக்கொள்' என்பதே வாழ்க்கை நெறியாயிற்று. சப்பானியர் ஆட்சிக் காலமாகிய 1942 முதல் 1945 வரையில் மரவள்ளிக் கிழங்கையே உணவாகக் கொண்டு உயிர் பிழைத்த பெற்றோரிடம், தட்டில் விழுவதைக் குறை கூறாதே என்றே பிள்ளைகள் கேட்டு வளர்ந்தனர். 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் தோன்றியபோது, ஒருவனால் தனித்துச் சொல்ல இயலாததைப் பலர் சேர்ந்து சொல்ல ஒரு வழி பிறந்தது. எனினும் கூட்டமாய் நின்று கேட்கக் கற்ற மனிதர்கள், தனியே ஒரு மேசையில் அமர்ந்து கேட்கக் கற்றார்களா என்பது வேறு வினா. ரப்பர் மரங்கள் வெட்டப்பட்டுச் செம்பனை எழுந்த பின்னும், லயங்கள் இடிக்கப்பட்ட பின்னும், அந்த மௌனம் மட்டும் உடன் நகரத்திற்குக் குடிபெயர்ந்து வந்துவிட்டது.

தந்தையின் மௌனத்தைக் கண்டு வளர்ந்த மகன் அதற்கு எதிர்முனையில் போய் நிற்கிறான். தந்தை பேசாதவற்றையெல்லாம் தானே பேசித் தீர்த்துவிட வேண்டும் என்பது போன்று அவன் குரல் உயர்கின்றது. அவன் சினத்தின் காரணம் நியாயமானது. அது சென்று தாக்கிய இடம் நியாயமானதன்று. பரிமாறியவன் சமைத்தவனல்லன்; ஆட்களைக் குறைத்து வைத்த முதலாளியுமல்லன். அவன் தன் ஊரை விட்டு வயிற்றுப் பிழைப்புக்காகக் கடல் கடந்து வந்தவனாகவும் இருக்கலாம். அம்முதியவரின் முன்னோரும் அவ்வாறே கப்பலேறி வந்து, பிறருடைய சினத்தைத் தலைகுனிந்து தாங்கியவர்கள். நேற்று வரை துரைக்கும் மண்டோருக்கும் அஞ்சி நின்றவரின் பிள்ளை, இன்று தனக்குக் கீழே ஒருவன் கிடைத்ததும் தானே துரையாகிவிடுவது விடுதலையன்று.

பேத்தியின் செயல் புதுக்கருவியால் செய்த பழைய பிழை. முகத்தெதிரே இனிமை, முதுகுக்குப் பின்னே இகழ்ச்சி. இதனைத்தான் வள்ளுவம் புறங்கூறுதல் என்று கடிகின்றது. உணவின் தரத்தைப் பிறர்க்கு உண்மையாக அறிவிப்பது தீதன்று. பிறர் ஏமாறாமல் காக்கும் நன்மையும் அதனால் உண்டு. ஆனால் திருத்திக்கொள்ள ஒரு வாய்ப்பினைத் தராமலேயே தீர்ப்பு வழங்குவது நீதியாகாது. "எல்லாம் நன்றாக இருந்தது" என்ற பொய்யை நம்பி உள்ளே சென்றவன், அடுத்த மேசைக்கும் அதே வேகாத மாவைத்தான் எடுத்துச் செல்வான்.

அவ்வாறாயின் நான்காவது வழி எது? அதனைச் சொற்களே காட்டுகின்றன. இத்தாலிய மொழியில் 'ஒஸ்பித்தே' என்னும் ஒரே சொல் விருந்தினரையும் குறிக்கும், விருந்தளிப்பவரையும் குறிக்கும். அதன் வேராகிய இலத்தீன் சொல்லுக்கும் அவ்விரு பொருளும் உண்டு. தமிழில் 'விருந்து' என்னும் சொல்லுக்குப் புதுமை என்பது பொருள். தொல்காப்பியமும் புதிதாய்ப் புனையப்படும் யாப்பை அச்சொல்லாலேயே குறிக்கின்றது. இவ்விரு மொழிகளின் உணர்வையும் இணைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலனாகும். விருந்து என்பது ஒருவர் கொடுக்க மற்றவர் வாங்கும் பொருள் மட்டுமன்று. புதியவர் இருவர் ஒருவரையொருவர் மதித்து நடத்தும் உறவு. பணம் கைமாறுவதால் அவ்வுறவு அற்றுப்போவதில்லை. விருந்தளிப்பவருக்குக் கடமை உண்டு. விருந்தினருக்கும் கடமை உண்டு.

குறையை உரியவரிடம், உரிய நேரத்தில், தாழ்ந்த குரலில், தெளிவாகக் கூறுவதே விருந்தினரின் அக்கடமை. "தம்பி, இதன் நடுப்பகுதி வேகவில்லை, சமையற்காரரிடம் காட்ட முடியுமா?" என்னும் ஒரு சொற்றொடர் போதும். அதில் மௌனத்தின் அச்சமில்லை, சினத்தின் கொடுமையில்லை, புறங்கூறலின் பொய்யுமில்லை. திருக்குறளில் விருந்தோம்பலை அடுத்து இனியவை கூறல் அமைந்திருப்பது கருதத்தக்கது. இனிய சொல் என்பது பொய்ப் புகழ்ச்சியன்று. மெய்யை மனம் நோகாமல் சொல்வது. நட்பினைப் பற்றிக் கூறும்போதும், நெறி தவறுங்கால் இடித்துரைத்தலை நண்பனின் கடமையாகவே வள்ளுவர் வைத்தார். அவ்வாறு கூறப்பட்ட குறையை முகங்கோணாது ஏற்றுத் திருத்துவது உணவகத்தாரின் அறம். அதனை அவர்கள் ஏற்காவிடின் சட்டத்தை நாடலாம், ஊருக்கும் உரைக்கலாம்.

ஆசிரியர் இதனை நாள்தோறும் செய்கின்றார். மாணவனின் கட்டுரையில் பிழை இருந்தால், அதனைக் காணாதவர் போல் முழு மதிப்பெண் இடும் ஆசிரியர் அவனுக்கு நன்மை செய்தவராகார். ஏட்டைக் கிழித்தெறிபவரும் நன்மை செய்தவராகார். ஆசிரியர் ஓய்வறையில் அவனை எள்ளி நகைப்பவரோ ஆசிரியரே அல்லர். பிழையான இடத்தைக் கோடிட்டு, திருத்தும் வழியை ஓரத்தில் எழுதித் தருபவரே அவனை வளர்க்கின்றார். குறை கூறுதல் என்பது, 'உன்னால் இதனைக் காட்டிலும் நன்றாகச் செய்ய இயலும்' என்னும் நம்பிக்கையின் வெளிப்பாடு.

"சொல்லிப் பழக்கமில்லை" என்றார் அம்முதியவர். பழக்கமின்மை அவர் குற்றமன்று. பழகுவதற்கு அவர் காலம் இடந்தரவில்லை. ஆனால் அவருடைய பேத்திக்கு அந்த வாய்ப்பு உண்டு. வகுப்பறையில் எழுந்து நின்று, "ஐயா, இக்கணக்கில் ஒரு பிழை இருக்கிறது" என்று அச்சமின்றியும் பணிவோடும் சொல்லக் கற்ற குழந்தை, நாளை உணவகத்திலும் அலுவலகத்திலும் சம்பளம் வழங்கும் இடத்திலும் அவ்வாறே பேசும். நெடுங்காலம் பேசாதிருந்த ஒரு சமுதாயத்தின் பிள்ளைகளுக்குத் தமிழ்ப்பள்ளி கற்றுத்தர வேண்டிய பாடங்களுள் இதுவும் ஒன்று.