சமஜீவிதம் அல்லது வரவறிந்து வாழ்தல்



கோலியர் நாட்டில் கக்கரபத்தம் என்னும் ஊரில் பகவன் எழுந்தருளியிருந்த காலத்தில், தீகஜாணு என்னும் இல்லறத்தான் அவரை அணுகி வணங்கினான். தாங்கள் மனைவி மக்களோடு நெரிசலில் வாழ்பவர்கள், காசிச் சந்தனம் பூசுபவர்கள், பொன்னும் வெள்ளியும் கையாளுபவர்கள் என்று ஒளிக்காமற் கூறி, இத்தகையோர்க்கும் நலந்தரும் அறம் உண்டோ என்று வினவினான். இது அங்குத்தர நிகாயத்தில் உள்ள செய்தி. பகவன் அவனைச் சந்தனத்தை எறியச் சொல்லவில்லை. முயற்சி, ஈட்டியதைக் காத்தல், நல்லோர் நட்பு, சமஜீவிதம் என நான்கைப் போதித்தார். முதல் மூன்றும் நம் கூட்டங்களிற் பலகாற் பேசப்பட்டவை. நான்காவதை நாம் பேசுவதில்லை. பேசினால் நம் வீட்டுக் கணக்கு வெளிப்பட்டுவிடும்.

தராசு பிடிப்பவன் தட்டு எவ்வளவு தாழ்ந்தது, எவ்வளவு உயர்ந்தது என்று அறிவதுபோல, வரவையும் செலவையும் அறிந்து வாழ்தலே சமஜீவிதம். சிறு வரவில் பெருஞ்செலவு செய்பவனை அவர் அத்திப்பழம் தின்பவனுக்கு ஒப்பிட்டார். அவன் மரத்தை உலுக்குகிறான். தின்பன சில, மண்ணிற் கிடந்து அழுகுவன பல. மிக ஈட்டியும் உண்ணாமல் வாடுபவனையும் அவர் கடிந்தார். ஆகவே இது கஞ்சத்தனத்துக்கு உபதேசமன்று.

நான் அத்தி மரத்தை உலுக்கியவன். பெங்களூரில் ஒரு மில்லில் ரிங் பிரேம் ஓட்டிக்கொண்டிருந்த நாளில் என் மூத்த மகள் பூப்பெய்தினாள். திரிசரணம் ஏற்று ஆண்டுகள் பல ஆகியிருந்தன. சடங்குக்குப் புரோகிதன் வேண்டாம் என்ற நான், 300 பேருக்குப் பிரியாணி வேண்டும் என்றேன். பந்தலும் ஒலிபெருக்கியும் வேறு. ஏன்? என் தந்தையை வாசலில் நிறுத்திச் சோறிட்டவர்கள் இருந்தார்கள். அவர்கள் வழிவந்தோர் எங்கள் தெருவிற் போகும்போது நிமிர்ந்து பார்க்கவேண்டும் என்பது என் எண்ணம். அவர்களில் ஒருவரும் அன்று அத்தெருவழியே வரவில்லை.

அதற்காக 20,000 ரூபாயை, நூற்றுக்கு மாதம் 5 ரூபாய் வட்டியில் வாங்கினேன். சம்பள நாளில் வட்டிக்காரர் மில் வாயிலில் நிற்பார். மாதம் 1,000 ரூபாய் வீதம் மூன்று ஆண்டுகளில் 36,000 கொடுத்தேன். முதல் 20,000 அப்படியே நின்றது. கடனின்மையை இல்லறத்தானின் நால்வகை இன்பங்களுள் ஒன்றாக அனாதபிண்டிகருக்குப் பகவன் உரைத்தது ஏன் என்பதை அவ்வாயிலிலேதான் கற்றேன்.

அறியாமையால் மிகுதியாய்ச் செலவிடுகிறோம் என்பர். நான் முழுதும் ஒப்பேன். கணக்குத் தெரியாமலா வாங்கினேன்? மணிமேகலை கூறும் பன்னிரு சார்புகளில் நுகர்வு, வேட்கை, பற்று என்னும் மூன்றும் அடுத்தடுத்து நிற்கின்றன. கடைக் கண்ணாடிக்குள் ஒரு புடவையைக் காண்கிறோம். உள்ளத்தில் இனிமை தோன்றுகிறது. அது நுகர்வு; குற்றமன்று. 'எனக்கு வேண்டும்' என்பது வேட்கை. 'இஃது இல்லையேல் நான் தாழ்ந்தவன்' என்பது பற்று. நம்மவர்க்கோ பழைய அவமானம் முதற்படியிலிருந்து மூன்றாம் படிக்கு ஒரே தாவலாகத் தாவச் செய்கிறது. புண்பட்ட நெஞ்சுக்கு மருந்தென்றெண்ணிக் கடையை நாடுகிறோம். 'முன்பணம் வேண்டாம், தவணை போதும்' என்று பலகை மாட்டுவோர் இதை நன்கறிவர். 2016ஆம் ஆண்டுக்குப் பின் கைப்பேசியைக் காட்டினாலே பணம் போய்விடுகிறது. நோட்டை எண்ணிக் கொடுக்கும்போது கை சற்றே தயங்கும். அத்தயக்கம் நமக்கு ஒரு காவலாயிருந்தது. அதுவும் போயிற்று.

ஆதலால் காவலை நாமே அமைக்கவேண்டும். நுகர்வுக்கும் வேட்கைக்கும் இடையே சிறிது பொழுதை நுழைப்பதே அது. அரிசி, மருந்து, பள்ளிச் செலவு தவிர 500 ரூபாய்க்கு மேற்பட்ட எதையும் எங்கள் வீட்டில் ஒரு நோட்டில் எழுதி வைப்போம். அடுத்த பௌர்ணமி வரை வாங்கமாட்டோம். எழுதியவற்றிற் பாதி, பௌர்ணமியன்று எங்களுக்கே நினைவிருப்பதில்லை.

சிகாலனுக்குப் பகவன், பொருளை நான்காகப் பகுத்து ஒரு பங்கைத் துய்க்கவும், இரு பங்கைத் தொழிலில் இடவும், நான்காவதை ஆபத்துக்கு வைக்கவும் கூறினார். கூலிக்காரனுக்கு இஃது ஒவ்வுமா என்று சகோதரிகள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. வாடகைக்கும் அரிசிக்குமே பெரும்பங்கு போகும் வீட்டில் காற்பங்கைச் சேமி என்பவன் பசியறியாதவன். நூற்றுக்கு இரண்டு ரூபாயேனும் முதலில் எடுத்துவைத்துப் பிறகு செலவைத் தொடங்குக என்பதே நான் கொண்ட பொருள். நான்காம் பங்கு சிறுக்கலாம், இல்லாமற் போகலாகாது.

ஒரு மாதம் தவறினால் நோட்டை வீசிவிடாதீர்கள். ரிங் பிரேமில் நூல் அறுந்தால் இழையைப் பிணைத்துவிட்டு அடுத்த கதிருக்குப் போவோம். பிரேமை நிறுத்திவிட்டு அழுவதில்லை.

என் கடன் தீர்ந்தது என் சாமர்த்தியத்தாலன்று. துணைவியார் தம் வளையல்களை விற்று முதலை அடைத்தார். இரண்டாம் மகளுக்கு விழா எடுக்கவில்லை. விகாரையில் வந்தனை செய்து, வந்திருந்த 20 பேருக்குப் பாயசம் தந்தோம். உறவினர் சிலர் முகஞ்சுளித்தனர். கடன் பத்திரம் திரும்பி வந்தபோது கிழித்தெறியச் சொன்னேன். துணைவியார் கிழிக்கவில்லை. அதன் பின்புறம் வெறுமையாயிருந்தது. அம்மாதத்துப் பால் கணக்கை அதிலேயே எழுதினார்.