விரலுக்கு நைட்ரோ, காலுக்கு பிரேக்

நாமக்கல்லில் ஒரு லாரிப் பட்டறை. சாப்பாட்டு நேரத்தில் பையன் ஒருவன் கைப்பேசியில் ‘அஸ்பால்ட் 8’ கார் பந்தயம் ஆடுகிறான். போனைச் சாய்த்தால் கார் வளைகிறது. வேகமூட்டும் நைட்ரோவைத் தொட்டால் பறக்கிறது. மோதி நொறுங்கினாலும் சில நொடிகளில் புத்தம் புதிதாய் ஓடுகிறது.

அவன் முதுகுக்குப் பின்னால், முகப்பு நசுங்கிய லாரி ஒன்று நிற்கிறது. அதை நிமிர்த்த வாரக்கணக்கில் ஆகும். ஓட்டியவரின் கால் குணமாக இன்னும் நாளாகும்.

சேலம், நாமக்கல் வழியே செல்லும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் மணிக்கு 80 கிலோமீட்டரில் ஓட்டினால், ஒரு நொடிக்கு 22 மீட்டர். இரண்டு நொடி போனைப் பார்த்தால் 44 மீட்டரைக் கண்ணை மூடிக்கொண்டு கடக்கிறோம்.

தம்பி, வேகத்தின் ஆசையைத் திரையிலேயே தீர்த்துக்கொள். சாலையில் மறு ஆட்டம் கிடையாது.