மெலியாரின் நடை

நம்மிடம் ஓதிச் சென்ற மாணவர் ஒருவர், சென்ற மாதத்தில் ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின் நம் இல்லம் தேடி வந்தார். ஸலாம் உரைத்து நலம் விசாரித்தபின், சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். "ஹஜ்ரத், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மாலத்தீவுக்குப் போய்வரலாம் என்று எண்ணுகிறோம். இது கூடுமா? வீண் விரயத்தில் சேருமா? தங்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு முன்பணம் கட்டலாம் என்று வந்தேன்" என்றார்.

தாளைப் பிரித்துப் பார்த்தோம். ஐந்து நாட்கள், மூன்று தீவுகள். காலையில் விசைப்படகு, நண்பகலில் பவளப்பாறை, மாலையில் மீன்பிடிப்பு, இரவில் வேறொரு தீவு என்று மணிக்கணக்குப்படி எழுதப்பட்டிருந்தது. அவருக்கு நான்கு வயதில் ஒரு மகனும், பதினோரு மாதத்தில் ஒரு மகளும் உண்டு. வீட்டில் முதுமையடைந்த உம்மா இருக்கிறார்கள். தாளிலோ கணவன் மனைவி இருவருக்கும் உரிய இன்பங்கள் மட்டுமே வரிசையாக நின்றன. அந்தப் பாலகன் எப்போது உறங்குவான், அந்தப் பச்சிளங்குழந்தை எங்கே பால் குடிக்கும் என்பதற்கு ஒரு வரிகூட அதில் இல்லை.

'கூடுமா' என்ற கேள்விக்கு விடை கூறுவது எளிது. பூமியில் சுற்றிப் பார்க்குமாறு திருமறை பல இடங்களில் ஏவுகிறது. உன் உடலுக்கும் உன் குடும்பத்தாருக்கும் உன்மீது உரிமை உண்டு என்பது நம் மார்க்கத்தின் தெளிவான போதனை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பயணத்தின் இடையே அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் ஓடியதை நாம் அனைவரும் அறிவோம். ஓதி முடித்த பிள்ளையை விளையாட விடாமல் தடுத்தால் அதன் உள்ளம் மரத்துப்போகும் என்று எச்சரித்தவர், துறவறத்தின் பேராசானாகிய இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களே. ஆகவே, ஹலாலான பொருளைக்கொண்டு மனைவி மக்களை மகிழ்விப்பது குற்றமன்று. நல்லெண்ணம் இருந்தால் அதற்கு நன்மையும் உண்டு.

கடினமான கேள்வி வேறொன்று: ஒரு குடும்பப் பயணத்தை யாருடைய அளவுகோலால் அளப்பது?

இதற்கு விடை தேட நாம் தொழுகை வரிசைக்குத்தான் செல்ல வேண்டும். உஸ்மான் இப்னு அபில் ஆஸ் (ரலி) என்னும் தோழர், தம் கூட்டத்தாருக்குத் தம்மை இமாமாக நியமிக்குமாறு நபிகளாரிடம் வேண்டினார். நபிகளாரும் நியமித்தார்கள், கூடவே, பின்னால் நிற்பவர்களில் மிகவும் பலவீனமானவரைக் கவனித்து அவருக்கேற்பத் தொழவைக்கும்படி கட்டளையிட்டார்கள். இதன் நுட்பத்தைச் சற்றே சிந்திக்க வேண்டும். முன்னால் நிற்பவர் இமாம். ஆனால் அவருடைய வேகத்தை முடிவு செய்பவர் பின் வரிசையில் ஊன்றுகோலோடு நிற்கும் முதியவர். நீட்டித் தொழவைக்க எண்ணி நின்ற பெருமானார், ஒரு குழந்தையின் அழுகுரல் கேட்டதும் அதன் தாயின் தவிப்பை எண்ணித் தொழுகையைச் சுருக்கிக்கொண்டார்கள். பயணத்திலும் அவர்களின் வழக்கம் இதுவே. கூட்டத்தின் கடைசியில் வருவார்கள், தளர்ந்தவரை நடத்துவார்கள், வாகனமில்லாதவரைத் தம் பின்னே ஏற்றிக்கொள்வார்கள். பெண்கள் ஏறிய ஒட்டகங்களை அன்ஜஷா என்பவர் பாடி விரைவாக ஓட்டியபோது, கண்ணாடிக் கலன்களை ஏற்றிச் செல்வதுபோல் மெல்லச் செல்லுமாறு கூறினார்கள்.

இறைவணக்கத்திலேயே மெலியாரின் நடைதான் அளவு என்றால், இன்பப் பயணத்தில் வேறு அளவு உண்டாகுமோ?

இதைச் சொல்லும் தகுதி நமக்கு முழுமையாக உண்டா என்றால், இல்லை. ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்குமுன் நம் மூத்த மகனை இராமேசுவரம் தீவுக்கு அழைத்துச் சென்றோம். அவனுக்கு அப்போது ஐந்து வயது. 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்த தனுஷ்கோடியைக் காட்டி, உலக வாழ்வின் நிலையாமையைப் பிள்ளைக்கு உணர்த்த வேண்டும் என்பது நம் பேராவல். அந்நாளில் அங்கே தார்ச்சாலை இல்லை. மணலில் வேன் செல்லும். அது திரும்பும் நேரத்தைத் தவறவிடக் கூடாது. சிறுவன் கரையோரத்தில் குந்தி, நண்டு வளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு நண்டு வெளியே வருவதும், நிழல் பட்டால் உள்ளே ஓடுவதுமாக இருந்தது. "வா, வா" என்று அவன் கையைப் பற்றி இழுத்துச் சென்று, இடிந்து நின்ற சுவர்களின்முன் நிறுத்தி நம் உபதேசத்தை முடித்தோம். இன்று அவனும் ஒரு தகப்பன். அந்தப் பயணத்தில் உனக்கு என்ன நினைவிருக்கிறது என்று அண்மையில் கேட்டோம். "கை வலித்தது வாப்பா" என்றான். நிலையாமையும் நினைவில்லை, புயலும் நினைவில்லை. படைத்தவனின் வல்லமைக்கு அந்த நண்டு போதுமான அத்தாட்சியாக இருந்தது. அதைப் பார்க்கவிடாமல் தடுத்தவர்கள் நாமே.

எனவே மாணவரின் தாளை வைத்துக்கொண்டு, முதலில் பிள்ளைகளின் கணக்கைப் பார்த்தோம். மாலத்தீவு என்பது ஏறத்தாழ 1,200 சிறு தீவுகள், வடக்கிலிருந்து தெற்காக 800 கிலோமீட்டருக்கும் மேல் சிதறிக் கிடக்கும் நாடு. மக்கள் குடியிருப்பவை 200 அளவிலேதான். ஒரு தீவிலிருந்து மற்றொன்றுக்கு என்று தாளில் எழுதுவது ஒரு வரி. ஆனால் அந்த ஒரு வரி, அலையில் குதிக்கும் விசைப்படகில் கைக்குழந்தையை மடியில் வைத்திருக்கும் ஒரு தாய்க்குச் சில மணிநேரத் துன்பம். தொலைவான தீவுகளுக்குச் செல்லும் கடல் விமானங்கள் பகலில் மட்டுமே பறக்கும். மாலை மங்கியபின் வந்து சேர்வோர் விமான நிலையத்தின் அருகில் ஓரிரவு தங்கியே ஆக வேண்டும். நம் பள்ளிகளுக்கு மே மாதம் விடுமுறை. அங்கோ மே மாதத்தில்தான் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கி, மழையும் அலையும் மிகும். கடல் பெரும்பாலும் அமைதியாக இருப்பது டிசம்பர் முதல் ஏப்ரல் வரையில். பாலர் வகுப்பில் நான்கு நாள் விடுப்புக் கேட்பதால் ஒரு பிள்ளையின் கல்வி கவிழ்ந்துவிடாது.

இன்னும் சில உண்டு. நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள அந்த வெயில், நீரிலும் வெண்மணலிலும் பட்டுத் திரும்பும். ஆதலின் முற்பகல் முதிரும் முன்னும், மாலை தாழ்ந்த பின்னுமே சிறுவருக்குக் கடற்கரை. பவளத்தால் சூழப்பட்ட ஆழமற்ற காயலில் பிள்ளை விளையாடலாம். பாறைத் தொடர் அறுபடும் வாய்க்கால்களில் நீரோட்டம் வலிது. நீரில் தவறும் குழந்தை பெரும்பாலும் கூக்குரலிடுவதில்லை, ஓசையின்றி மூழ்கிவிடும். கைக்கெட்டும் தூரத்தில் தாயோ தந்தையோ இருப்பது அங்கே கட்டாயக் கடமை. சிறு தீவுகளில் சிறிய மருத்துவ நிலையங்களே உள்ளன. பெரு நோய்க்குத் தலைநகர் மாலேயை நாட வேண்டும். மருந்தும், பழகிய உணவும், உறக்கமும் குழந்தையின் உரிமைகள். அவை தகப்பனின் வசதிக்காக விட்டுக்கொடுக்கப்பட வேண்டியவை அல்ல.

அடுத்து, அந்தத் தீவின் கணக்கு. மெலியார் என்று நாம் கூறுவது நம் வீட்டுக் குழந்தையை மட்டுமன்று. நாம் சென்று மிதிக்கும் நிலத்தையும், அதில் வாழும் மக்களையும் சேர்த்தே கூறுகிறோம். அத்தீவுகளின் நிலம் கடல் மட்டத்திலிருந்து சராசரியாக ஒன்றரை மீட்டர் அளவே உயர்ந்தது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை அத்தீவுகள் பலவற்றின் மேலாகவே கடந்து சென்றது. 80க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1998இலும் 2016இலும் கடல்நீர் சூடேறியதால் பவளங்கள் பெருமளவில் வெளிறின. அக்கரைகளின் வெண்மணலில் பெரும்பங்கு, கிளிமீன்கள் பவளத்தைக் கொறித்து அரைத்து வெளியேற்றியது. அத்தீவுகளில் மண்ணுக்கடியில் உள்ள நன்னீர், உப்புநீரின்மேல் மிதக்கும் மெல்லிய படலமே. தலைநகரம் கடல்நீரைச் சுத்திகரித்தே குடிக்கிறது. 2014 டிசம்பரில் அந்தச் சுத்திகரிப்பு நிலையத்தில் தீப்பற்றியபோது நகரமே குடிநீருக்குத் தவித்தது. இந்தியா விமானத்திலும் கப்பலிலும் நீர் அனுப்பியது. இவ்வளவு நலிந்த ஓரிடத்திற்குச் சென்று, குழாயைத் திறந்துவிட்டு நிற்பதும், பவளத்தின்மேல் ஏறி நின்று படம் எடுப்பதும், நெகிழிக் குப்பையை விட்டுவருவதும் நம் உள்ளத்தை உறுத்த வேண்டும். ஓடும் ஆற்றங்கரையில் ஒளுச் செய்தாலும் நீரை வீணாக்கக் கூடாது என்று கற்பிக்கப்பட்டவர்கள் நாம். இப்பாடத்தைப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க அத்தீவைவிடப் பொருத்தமான மதரஸா ஏது?

அந்நாட்டு மக்களோ நமக்கு அயலார் அல்லர். 1153ஆம் ஆண்டில் அவர்களின் மன்னர் இஸ்லாத்தைத் தழுவினார். 1343இல் அங்கே சென்ற இப்னு பதூதா நீதிபதியாகவும் பணியாற்றினார். அம்மக்கள் உடல் மெலிந்தவர்கள், போருக்குப் பழகாதவர்கள், துஆவே அவர்களின் படைக்கலம் என்னும் கருத்துப்பட அவர் எழுதிவைத்துள்ளார். 1658இல் கட்டி முடிக்கப்பட்ட ஜும்ஆப் பள்ளி, பவளக் கல்லில் செதுக்கிய வேலைப்பாடுகளோடு மாலே நகரில் இன்றும் நிற்கிறது. தூத்துக்குடியிலிருந்து தோணிகள் காய்கறியும் பிற பண்டமும் ஏற்றி அங்கே செல்வதும், அங்கிருந்து வந்த மாசி நம் கடற்கரை ஊர்களின் சமையலறைகளில் மணப்பதும் தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் செய்திகள்.

மாணவரின் தாளிலிருந்த மூன்று தீவுகளுமோ உல்லாச விடுதிகள் மட்டுமே உள்ளவை. 1972இல் முதல் விடுதி தொடங்கிய நாள்தொட்டு, நெடுங்காலம் வெளிநாட்டார் அத்தகைய தனித் தீவுகளிலேயே தங்கவைக்கப்பட்டனர். அங்கே மதுவுக்குத் தடையில்லை. மக்கள் வாழும் தீவுகளில் மது விற்பனை கிடையாது. 2009ஆம் ஆண்டுக்குப் பின்னரே, மக்கள் வாழும் தீவுகளிலும் விருந்தினர் இல்லங்கள் பெருகின. இங்கே கடற்கரையில் கண்ணியமான உடை வேண்டும். வெளிநாட்டார் விருப்பம்போல் குளிக்க ஒரு பகுதியைத் தனியே ஒதுக்கியிருப்பார்கள். ஐவேளையும் பாங்கொலி கேட்கும்.

விடுதித் தீவில் கால் வைப்பதே பாவம் என்று நாம் கூறவில்லை. அங்கே தனிமை உண்டு, அமைதி உண்டு, குழந்தைக்கு ஏற்ற ஆழமற்ற நீரும் உண்டு. அங்கே உழைப்பவர்களில் நம் சகோதரர்களும் பலர். ஆனால் அந்நாட்டுப் பிள்ளை ஒன்றையேனும் பாராமல் ஒரு நாட்டைப் பார்த்துவிட்டதாக நம் பிள்ளை எண்ணிக்கொள்ளும். ஒரு முஸ்லிம் நாட்டிலிருந்து மதுக்கடையின் நினைவோடு திரும்பும். இதற்காகவா அத்தனை பொருளும் அத்தனை தொலைவும்? நம்மைப்போன்றே தொப்பியணிந்த சிறுவர்கள், நமக்கு விளங்காத மொழியில் பேசி, நமக்கு விளங்கும் ஃபாத்திஹாவை ஓதுவதைக் கேட்கும் நான்கு வயதுப் பாலகனுக்கு, உம்மத் என்னும் சொல்லுக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

இறுதியாக, வீட்டின் கணக்கு. "உம்மாவிடம் கேட்டீரா?" என்றோம். "அவர்களால் முடியாது ஹஜ்ரத், அதனால் கேட்கவில்லை" என்றார். "பணம்?" என்றோம். சற்றுத் தயங்கி, "தவணையில் கட்டலாம் என்கிறார்கள், வட்டி சொற்பந்தான்" என்றார்.

நாம் சிறிது நேரம் பேசவில்லை. பயணத்தின் ஒழுக்கங்களைக் குறித்து இமாம் கஸ்ஸாலி அவர்கள் இஹ்யாவில் தனிப் பகுதியே எழுதியுள்ளார்கள். பயணி முதலில் செய்ய வேண்டியது மூட்டை கட்டுவதன்று. பிறருக்கு இழைத்த அநீதியைச் சரிசெய்வது, கடனை அடைப்பது, தம்மைச் சார்ந்திருப்போரின் செலவுக்கு வழிசெய்வது, அமானிதங்களை ஒப்படைப்பது ஆகியனவே முதற்கடமைகள் என்கிறார்கள். கடனை அடைத்துவிட்டுப் புறப்படு என்பது அவர்களின் விதி. வட்டிக்குக் கடன் வாங்கிப் புறப்படுவது நம் காலத்தின் வழக்கம்! சொற்பமானாலும் வட்டி வட்டியே. குழந்தைக்கு மகிழ்ச்சியை ஹராமில் குழைத்து ஊட்டுவதற்கு, ஊட்டாமலிருப்பதே மேல். உம்மாவின் செய்தியும் அத்தகையதே. முடியாது என்று அவர்கள் சொல்வது வேறு. முடியாது என்று நாமே தீர்மானித்துக் கேளாமலிருப்பது வேறு. முன்னது அவர்களின் உரிமை. பின்னது அவர்களைக் கணக்கிலிருந்தே நீக்கிவிடுவது. வரிசையில் நிற்கும் முதியவரைத் திரும்பிப் பாராத இமாமுக்கும் நமக்கும் அப்போது என்ன வேறுபாடு?

இவற்றையெல்லாம் நாம் கடிந்து கூறவில்லை. தனுஷ்கோடியின் நண்டுக் கதையைத்தான் முதலில் சொன்னோம். எஞ்சியவை அதைத் தொடர்ந்து வந்தன. அவர் தாளை மடித்துக்கொண்டு அமைதியாக விடைபெற்றார். மனம் வருந்தினாரோ என்று நாமும் இரண்டொரு நாள் வருந்தினோம்.

சென்ற வாரம் மீண்டும் வந்தார், புதிய தாள். பயணம் அடுத்த ஆண்டு ஜனவரிக்குத் தள்ளிப்போயிருந்தது. அதற்குள் கைப்பணம் சேர்ந்துவிடுமாம். மூன்று தீவுகள் ஒன்றாகச் சுருங்கியிருந்தன. மாலேயிலிருந்து அதிகத் தொலைவில்லாத, மக்கள் வாழும் ஒரு தீவு. தாளின் பெரும்பகுதி வெற்றிடமாக இருந்தது. "இங்கெல்லாம் ஒன்றும் எழுதவில்லையே?" என்றோம். "மகன் எதைப் பார்த்து நின்றாலும் அங்கே நிற்பதற்கு ஹஜ்ரத்" என்றார். நம் கண்கள் பனித்தன.

"உம்மாவிடம் கேட்டீரா?" என்றோம்.

"கேட்டேன். அவர்கள் முகம் மலர்ந்துவிட்டது. 'எனக்கு எதற்கு வாப்பா கடலும் படகும்? தங்கச்சியை வந்து கூட இருக்கச் சொல்லிவிட்டுப் போய்வாருங்கள். வரும்போது நல்ல மாசியாகக் கொஞ்சம் வாங்கிவந்தால் போதும்' என்றார்கள்."

அந்தத் தாளின் அடியில், வாங்க வேண்டியவற்றுள் முதலாவதாக, மாசி என்று எழுதியிருந்தது. அவர்கள் பயணத்தை அல்லாஹ் இலேசாக்கி வைப்பானாக. மெலியாரின் நடைக்குத் தம் நடையைத் தாழ்த்திக்கொள்ளும் நல்லுள்ளத்தை நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.