மூண்டதா, மூட்டினார்களா?

இருபத்திரண்டு ஆண்டுகளாக ஒரு மகளிர் கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுக்கிறேன். ஐரோப்பிய வரலாற்றுத் தாளில் ஒரு கேள்வி தவறாமல் வரும்: 'முதல் உலகப்போருக்கான காரணங்களை விவரி.' பத்து மதிப்பெண். விடை எல்லோருக்கும் மனப்பாடம். ரகசியக் கூட்டணிகள், ஆயுதப் போட்டி, காலனிகளுக்கான போட்டி, தீவிர தேசியவாதம், கடைசியில் 'உடனடிக் காரணம்' என்று சரயேவோ கொலை. ஐந்து துணைத்தலைப்புகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு வரி. நானும் இப்படித்தான் படித்தேன். இப்படித்தான் நடத்தியும் வந்தேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி பாடத்தின் நடுவில் எழுந்து கேட்டாள்: "மேடம், எல்லாமே காரணமா இருக்கு. செஞ்சது யாரு?"

வகுப்பு சிரித்தது. என்னால் சிரிக்க முடியவில்லை. அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைதான் எங்கள் குடும்பத்தில் ஒரு பஞ்சாயத்து நடந்திருந்தது. என் சித்தி மகள், உதட்டில் மூன்று தையலோடு, தன் அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். கூடத்தில் பெரியவர்கள் உட்கார்ந்து 'ஏன் இப்படி ஆச்சு' என்று பேசினார்கள். அவனுக்கு வேலை போய்விட்டது, கடன், அவன் அப்பாவும் அப்படித்தான், இவளும் எதிர்த்துப் பேசியிருக்கிறாள். "ஏதோ கை நீண்டுடுச்சு" என்றார் அவனுடைய மாமா. கைதான் நீண்டதாம். படித்தவள் என்று என்னிடமும் கேட்டார்கள். "சூழ்நிலை அப்படி ஆயிடுச்சு" என்றேன். சமாதானம் பேசி அன்று மாலையே அவளைத் திருப்பி அனுப்பினோம்.

மாணவியின் கேள்விக்கு அன்று சரியான பதில் சொல்லவில்லை. இந்தக் கட்டுரை அந்தப் பதில்தான்.

பள்ளிக்கூட இலக்கணத்தில் தன்வினை, பிறவினை படித்திருப்போம். தீ தானாக மூளும். தீயை ஒருவர் மூட்டுவார். நம் பாடநூல்களில் போர் எப்போதும் 'மூண்டது' அல்லது 'வெடித்தது'. 'மூட்டினார்கள்' என்று எழுதினால் உடனே 'யார்?' என்ற கேள்வி வரும். 'மூண்டது' என்றால் அந்தக் கேள்விக்கே இடமில்லை. காரணங்களை அடுக்கினால் போதும்.

காரணங்கள் பொய்யல்ல. ஜெர்மனியும் ஆஸ்திரியா-ஹங்கேரியும் இத்தாலியும் 1882இல் கூட்டுச் சேர்ந்தன. பிரான்சும் ரஷ்யாவும் 1894இல் சேர்ந்தன. 1904இலும் 1907இலும் பிரிட்டன் அந்த இருவரோடும் கணக்குகளைத் தீர்த்துக்கொண்டு நெருங்கியது. 1906இல் பிரிட்டன் 'டிரெட்நாட்' போர்க்கப்பலை இறக்க, ஜெர்மனியும் அதேபோல் கட்டத் தொடங்கியது. 1884-85இல் பெர்லினில் கூடிய ஐரோப்பிய அரசுகள், ஆப்பிரிக்கர் ஒருவர்கூட இல்லாத அறையில், ஆப்பிரிக்காவைப் பங்குபோடுவதற்கான விதிகளை வகுத்தன. மொராக்கோ யாருக்கு என்று 1905இலும் 1911இலும் பிரான்சும் ஜெர்மனியும் முட்டிக்கொண்டன. இந்தப் போரின் வேர்களை ஆப்பிரிக்கக் கொள்ளையில் தேட வேண்டும் என்று கறுப்பின அமெரிக்க அறிஞர் டபிள்யூ. ஈ. பி. டு பாய்ஸ் 1915லேயே எழுதினார். இதையெல்லாம் விட்டுவிட்டு 1914ஐப் புரிந்துகொள்ள முடியாது.

ஆனால் இந்தக் காரணங்கள் எல்லாமே 1912இலும் இருந்தன. அந்த ஆண்டு பால்கனில் போர் நடந்தது. செர்பியா வளர்ந்தது, ஆஸ்திரியா பதறியது, ரஷ்யா செர்பியாவின் பக்கம் நின்றது. ஆனாலும் வல்லரசுகளின் தூதர்கள் லண்டனில் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசினார்கள். பால்கனுக்கு வெளியே போர் பரவவில்லை. ஒன்றரை ஆண்டுக்கும் மேல் கழித்து, 1914 ஜூலை 26 அன்று, பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் எட்வர்ட் கிரே மறுபடியும் அப்படியொரு மாநாட்டுக்கு அழைத்தார். இம்முறை ஜெர்மனி மறுத்தது. கூட்டணிகளும் கப்பல்களும் காலனிகளும் முன்பு இருந்தபடியேதான் இருந்தன. மாறியது முடிவுகள். முடிவுகளை எடுப்பவர்கள் மனிதர்கள்.

அந்த மனிதர்களை வரிசையாகப் பார்ப்போம். கொலையாளிகளுக்கு ஆயுதம் கிடைக்க வழி செய்தவர் செர்பிய ராணுவ உளவுத்துறைத் தலைவர் டிமிட்ரியேவிச். ஜூலை 5 அன்று, ஆஸ்திரியா செர்பியாவை என்ன செய்தாலும் துணை நிற்பதாக வாக்குக் கொடுத்தார் ஜெர்மானியப் பேரரசர் வில்ஹெல்ம். பிறகு கப்பலேறி நார்வேக் கடலுக்கு உல்லாசப் பயணம் போய்விட்டார். ஜூலை 7 அன்று வியன்னாவில் கூடிய அமைச்சர்களில் ஹங்கேரியப் பிரதமர் டிசா ஒருவர்தான் போரை எதிர்த்தார். ஒரு வாரத்தில் அவரும் இணங்கினார். ஜூலை 23 அன்று செர்பியாவுக்கு அனுப்பிய இறுதி எச்சரிக்கை, அது ஏற்கக் கூடாது என்றே எழுதப்பட்டது. செர்பியா பெரும்பாலானவற்றை ஏற்று பணிவாகப் பதில் அனுப்பியது. அந்தப் பதிலை ஜூலை 28 காலையில்தான் படித்த வில்ஹெல்ம், இனி போருக்குக் காரணமே இல்லை என்று தன் கையால் குறிப்பெழுதினார். அதே நாளில் ஆஸ்திரியா போர் அறிவித்தது.

ரஷ்யாவில் ஜார் நிக்கோலஸ் ஜூலை 29 அன்று படைதிரட்டலுக்கு ஆணையிட்டார். வில்ஹெல்மிடமிருந்து தந்தி வந்ததும் இரவோடு இரவாக அதை நிறுத்தினார். மறுநாள் அமைச்சர்கள் வற்புறுத்த, மீண்டும் ஆணையிட்டார். நிறுத்த முடியாத எந்திரம் என்கிறோமே, அதை ஒரு மனிதர் ஓர் இரவு நிறுத்திக் காட்டியிருக்கிறார். இன்னோர் இரவும் நிறுத்தியிருக்கலாம்.

இதையெல்லாம் வகுப்பில் சொன்னபோது இன்னொரு மாணவி கேட்டாள்: "அவ்வளவு தெரிஞ்சும் ஏன் மேடம் விட்டுக்கொடுக்கல?"

அந்த வாரங்களின் ஆவணங்களில் ஒரு சொல் திரும்பத் திரும்ப வருகிறது: மானம். ஆஸ்திரியப் பேரரசர் தம் மக்களுக்கு விடுத்த போர் அறிக்கையில் பேரரசின் மானத்தைக் காப்பது பற்றிப் பேசுகிறார். 1911 மொராக்கோ சிக்கலில் வில்ஹெல்ம் பின்வாங்கியபோது, அவர் நாட்டு தேசியவாதப் பத்திரிகையே அவரைக் கோழை என்று கேலி செய்தது. 1914 ஜூலையில், இந்தமுறை பின்வாங்க மாட்டேன் என்று ஆயுத உற்பத்தியாளர் குருப்பிடம் அவர் மீண்டும் மீண்டும் சொன்னதாகப் பதிவு இருக்கிறது. நாலு பேர் சிரிப்பார்களே என்ற ஆணின் பயம் அது. அந்தப் பயம் நம் வீட்டுக் கூடங்களில் என்ன செய்யும் என்று நமக்குத் தெரியும். ஐரோப்பாவில் அதன் கையில் லட்சக்கணக்கான படைவீரர்கள் இருந்தார்கள்.

அந்த மானத்தின் லட்சணத்தைச் சொல்ல ஒரு பெண் இருக்கிறாள். பாடநூலில் 'இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்டும் அவர் மனைவியும்' என்ற வரியில் வந்துபோகும் மனைவி, சோஃபி. அரச குலத்துக்கு ஈடான குடும்பத்தில் பிறக்காதவள் என்பதால், தங்கள் பிள்ளைகளுக்கு அரியணையில் உரிமை இல்லை என்று இளவரசர் உறுதிமொழி கொடுத்த பிறகே திருமணத்துக்கு இசைவு கிடைத்தது. அந்த உறுதிமொழியின் தேதி 1900 ஜூன் 28. அரண்மனைச் சடங்குகளில் அவள் கணவனின் பக்கத்தில் நிற்க முடியாது. சரயேவோவுக்கு அவர் ராணுவப் பொறுப்பில் போனதால், அங்கே மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து ஊர்வலம் போக முடிந்தது. அங்கேதான், சரியாகப் பதினான்கு ஆண்டுகள் கழித்து, அதே ஜூன் 28 அன்று, இருவரும் சுடப்பட்டார்கள். வியன்னாவில் அவளுடைய பெட்டியைக் கணவனின் பெட்டியைவிடத் தாழ்வான மேடையில் வைத்தார்கள். அவள் சாவையும் சேர்த்துத்தான் பேரரசு தன் மானத்துக்கு இழுக்கு என்றது.

இந்தப் போர் நம் மொழிக்கும் ஒரு சொல்லைக் கொடுத்தது. 1914 செப்டம்பர் 22 இரவு, 'எம்டன்' என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்க் கிடங்குகளைக் குண்டுவீசி எரித்தது. ஊரே பெட்டி படுக்கையோடு ஓடியது. ஊரை எரித்த கப்பலின் பெயர் பிறகு பாராட்டாகிவிட்டது. என் அம்மாவின் அப்பாவை வீட்டில் 'எம்டன்' என்பார்கள். அவர் செருப்புச் சத்தம் கேட்டால் பாட்டி பேச்சை நிறுத்திவிடுவாள். அந்தப் பெயரைச் சொல்லும்போது எல்லோர் முகத்திலும் ஒரு பெருமை இருக்கும். குண்டு வீசுபவன்மேல் வரும் இந்த ரகசிய மரியாதையைக் காரணங்களின் பட்டியலில் எந்தத் துணைத்தலைப்பின் கீழ் எழுதுவது?

இங்கே நாம் வழுக்கி விழக்கூடிய ஓர் இடம் உண்டு. 1914இல் போரில் இறங்கிய ஐந்து ஐரோப்பிய வல்லரசுகளின் நாடாளுமன்றங்களுக்கும் பெண்கள் வாக்களிக்க முடியாது. ஆகவே இது ஆண்கள் செய்த போர், பெண்களுக்கு இதில் பங்கில்லை என்று முடித்துவிடலாம். ஒரு காலத்தில் நானும் அப்படித்தான் முடிப்பேன்.

வரலாறு அதற்கு இடம் கொடுக்கவில்லை. வாக்குரிமைக்காகச் சிறை சென்ற எம்மலின் பாங்கர்ஸ்ட், போர் தொடங்கியதும் போராட்டத்தை நிறுத்திவிட்டுப் படைக்கு ஆள் சேர்க்கக் கிளம்பினார். ஜெர்மனியில் பெரிய பெண்கள் கூட்டமைப்பு அரசோடு நின்றது. 1914 ஆகஸ்டில் ஓய்வுபெற்ற கடற்படைத் தளபதி ஒருவர் இங்கிலாந்தின் ஃபோக்ஸ்டனில் பெண்களைத் திரட்டி, சீருடை அணியாத இளைஞர்களின் கையில் கோழை என்பதற்கு அடையாளமாக வெள்ளை இறகைக் கொடுக்கச் செய்தார். யோசனை ஓர் ஆணுடையது. தெருத்தெருவாகப் போய்க் கொடுத்த கைகள் பெண்களுடையவை. மானம் என்ற அந்தச் சொல்லுக்குக் காவல் நிற்கும் வேலை எப்போதும் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. மருமகளை 'அனுசரிச்சுப் போ' என்னும் மாமியார்கள், பஞ்சாயத்தில் 'சூழ்நிலை' என்னும் அக்காக்கள்.

மறுபக்கமும் பெண்கள் இருந்தார்கள். எம்மலினின் மகள் சில்வியா போரை எதிர்த்தார். இன்னொரு மகள் அடேலா ஆஸ்திரேலியாவில் கட்டாய ராணுவச் சேவைக்கு எதிராக ஊர் ஊராகப் பேசினார். பெண்களும் வாக்களித்த அந்த நாட்டில் 1916இலும் 1917இலும் கட்டாயச் சேவைத் திட்டம் பொதுவாக்கெடுப்பில் தோற்றது. போரைக் கண்டித்துப் பேசியதற்காக ரோசா லக்சம்பர்க் சிறைக்குப் போனார். 1915 ஏப்ரலில் பன்னிரண்டு நாடுகளிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் ஹேக் நகரில் கூடினார்கள். பிரிட்டனிலிருந்து போகவிருந்தவர்கள் ஏறத்தாழ 180 பேர். அரசும் மூடப்பட்ட கடலும் தடுத்ததில் மூவரே கலந்துகொண்டார்கள். அந்த மாநாடு கேட்டவற்றில் இரண்டை என் மாணவிகள் இப்போது மனப்பாடமாகச் சொல்வார்கள்: ரகசிய ஒப்பந்தங்கள் கூடாது, வெளியுறவுக் கொள்கை மக்களின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். 'மூண்டது' என்ற சொல்லை அவர்கள் ஏற்கவில்லை. யார், எந்த அறையில், யாரைக் கேட்டு முடிவு செய்தீர்கள் என்று கேட்டார்கள். இந்தியாவிலிருந்து கடல் கடந்து அனுப்பப்பட்ட பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பற்றியும் அதே கேள்விதான். அவர்கள் நாட்டைப் போரில் இழுத்துவிடுவதற்கு முன் அவர்களை யாரும் கேட்கவில்லை.

போர் முடிந்ததும் 1919 வெர்சாய் ஒப்பந்தம், தன் 231ஆம் பிரிவில், பொறுப்பை ஜெர்மனியின்மேலும் அதன் கூட்டாளிகள்மேலும் சுமத்தியது. வென்றவர்கள் கை கழுவிக்கொண்டார்கள். பிறகு வந்த வரலாற்றாசிரியர்கள் சிலர் எல்லோருமே தூக்கத்தில் நடந்துபோய் விழுந்தவர்கள் என்றார்கள். ஒருவன் மட்டுமே குற்றவாளி, யாருமே குற்றவாளி இல்லை: இந்த இரண்டு பதில்களுக்கு நடுவில்தான் உலகம் இன்னும் வழக்காடுகிறது.

பெண்ணியம் எனக்குக் கற்றுக்கொடுத்தது மூன்றாவது வழி. ஆணாதிக்கம் ஓர் அமைப்பு என்று நாம் சொல்லிக்கொண்டே இருக்கிறோம். அது அவனை அப்படி வளர்த்தது. அவளைத் தாங்கிக்கொள்ள வளர்த்தது. இது உண்மை. அடித்தவன் பதில் சொல்லியாக வேண்டும் என்பதும் உண்மை. முதலாவதைச் சொன்னதால் இரண்டாவது குறையாது. ஓங்கிய கை இறங்குவதை எது எளிதாக்கியது என்று காரணங்கள் சொல்லும். இறக்கியவர் யார் என்பது தனிக் கேள்வி. அதற்குத் தனியாகப் பதில் சொல்ல வேண்டும், ஒவ்வொருவருக்கும் அவரவர் அதிகாரத்துக்கு ஏற்ற அளவில். பேரரசருக்கு ஓர் அளவு, தளபதிக்கு ஓர் அளவு, இறகு கொடுத்தவளுக்கு ஓர் அளவு.

எனக்கும் ஓர் அளவு உண்டு. அந்த வகுப்பு முடிந்த வாரக் கடைசியில் தங்கை வீட்டுக்குப் போனேன். அவன் வெளியே போயிருந்தான். "அன்னிக்கு நான் சொன்னது தப்பு. சூழ்நிலை அடிக்கல, அவன்தான் அடிச்சான்" என்றேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிமிராமல் சொன்னாள்: "அது உங்களுக்கு அன்னிக்கே தெரியும்க்கா. உங்க மூஞ்சியப் பார்த்தேன்ல."

எட்டு மாதம் கழித்து அவள் வெளியே வந்தாள். இப்போது தனியாக இருக்கிறாள். அந்த எட்டு மாதத்துக்கு என்னிடம் காரணங்கள் எதுவும் இல்லை.

பல்கலைக்கழகத் தாளில் பழைய கேள்விதான் இன்னும் வருகிறது. மாணவிகள் ஐந்து துணைத்தலைப்பும் எழுதி மதிப்பெண் வாங்குகிறார்கள். நான் வைக்கும் உள்தேர்வில் கேள்வியை மாற்றிவிட்டேன்: '1914இல் போரை மூட்டியவர்கள் யார் யார்? ஒவ்வொருவரும் வேறு என்ன செய்திருக்கலாம்?' விடை நீளமாக இருக்கிறது, திருத்தக் கஷ்டமாக இருக்கிறது என்று உடன் வேலை செய்பவர்கள் சொல்கிறார்கள். இருக்கட்டும்.